குண்டர், ரவுடி, அடியாள்: ஒரு சொல் விளக்கம்

நீலகிரியில் உள்ள கூடலூர் பழைய பஸ் நிலையத்தை ஒட்டிய தேநீர்க் கடையில் காலைப் பத்திரிகை எப்போதும் தாள் தாளாகப் பிரிந்து நாலைந்து கைகளில் இருக்கும். சென்ற வாரம் ஒருநாள் முதல் பக்கத்தில் சமவெளி நகரம் ஒன்றில் பட்டப்பகலில் நடந்த கொலைச் செய்தி வந்திருந்தது. முகத்தை மூடிய கும்பல், அரிவாள்கள், ஷட்டரை இழுத்து மூடிய கடைக்காரர்கள். செய்தியைப் படித்து முடிப்பதற்குள் கடையில் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. “குண்டாஸில் போட்டு ஆயுள் முழுக்க உள்ளே வைக்க வேண்டும்” என்றார் ஒருவர். “உள்ளே வைத்துச் சோறு போடுவானேன், சுட்டுத் தள்ள வேண்டியதுதானே” என்றார் இன்னொருவர். யாரும் மறுக்கவில்லை. அந்தக் கோபத்தை என்னாலும் மறுக்க முடியவில்லை. நடுத்தெருவில் ஒருவரை வெட்டிவிட்டு வெட்டியவர்கள் நடந்தே போகிறார்கள் என்றால், பார்த்தவனுக்கு வயிறு எரியத்தான் செய்யும்.

அப்போது ஜீப் ஓட்டும் இளைஞர் ஒருவர் என் பக்கம் திரும்பினார். “சார், குண்டாஸ் என்றால் குண்டு போடுகிறவர்களா? அது தமிழ்ச் சொல்லா?”

நல்ல கேள்வி. அன்று பாதிதான் பதில் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

இந்தியிலும் மராத்தியிலும் ‘குண்டா’ என்றால் அடாவடிக்காரன். அதைத் தமிழ் மரியாதைப் பன்மையாக்கி ‘குண்டர்’ என்றோம். ஆங்கிலப் பன்மை ஒட்டியபோது ‘குண்டாஸ்’ ஆயிற்று. பிறகு அந்தப் பன்மை ஆளைக் குறிப்பதை விட்டுச் சட்டத்தையே குறிக்கத் தொடங்கியது. ‘குண்டாஸ் போட்டுவிட்டார்கள்’ என்று சொல்கிறோமே, அது இப்படி வந்ததுதான். குண்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

ஆனால் தமிழில் வேறொரு குண்டர் பழங்காலம் முதலே உண்டு. குண்டன் என்றால் தடித்தவன், கீழ்மகன். தேவாரத்தில் சமணரைப் பழிக்கும் இடங்களில் இந்தச் சொல் வருகிறது. சமணத்தில் இருந்து மீண்ட அப்பர், அந்தக் காலத்துத் தம்மையே குண்டன் என்று சொல்லி நொந்துகொள்கிறார். ஒரு சமயத்தார் மற்றொரு சமயத்தார்மேல் வீசிய சொல் அது. அங்கே குற்றம் எதுவும் இல்லை, வேறொரு கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பது மட்டுமே காரணம். வடக்கிலிருந்து வந்த குண்டாவும் நம்மிடம் இருந்த குண்டனும் ஒலியால் ஒன்றாகிப் போனதால், சட்டத்தின் சொல் தமிழ்க் காதுக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

மத்திய இந்தியாவின் பஸ்தர் பகுதியில் 1910இல் காட்டு உரிமைக்காகப் பழங்குடியினர் கிளர்ந்தெழுந்தார்கள். அவர்களை வழிநடத்திய குண்டா தூரின் பெயரையே ஆங்கிலேயர் வசைச்சொல்லாக்கிவிட்டனர் என்று ஒரு கதை சொல்வார்கள். சொல் அதற்கு முந்தையது என்பதால் இதை வேர்ச்சொல் விளக்கமாக ஏற்க முடியாது. ஆனாலும் அந்தக் கதை ஏன் நம்பப்படுகிறது என்று யோசித்தால் மனம் கனக்கிறது. ‘ரவுடி’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பாருங்கள். அது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பிறந்தது. காட்டோரங்களில் குடியேறி வாழ்ந்த அடங்காத முரடர்களை ஊரார் அப்படி அழைத்தார்கள். நம் மொழியிலும் ‘காட்டான்’ இருக்கிறது, ‘காட்டுமிராண்டி’ இருக்கிறது. காட்டை வெட்டித் தேயிலை நட்ட மலையில் உட்கார்ந்து இதை எழுதும்போது, இந்தச் சொற்கள் எந்தப் பக்கம் நின்று பேசுகின்றன என்பது எனக்குத் தெளிவாகவே தெரிகிறது.

நீலகிரிக்கு இது ஏட்டுச் செய்தி அல்ல. 19ஆம் நூற்றாண்டில் இந்த மலையில் பயிர் கருகினாலும் மாடு செத்தாலும் குழந்தைக்கு நோய் கண்டாலும் பழி குறும்பர் என்ற பழங்குடியினர்மேல் விழுந்தது. சூனியக்காரர் என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்த பிறகு விசாரணை தேவைப்படவில்லை. கூட்டமாகச் சென்று குறும்பர் குடும்பங்களைக் கொன்ற நிகழ்ச்சிகள் ஒன்றல்ல, பல. அவை ஆங்கிலேய அரசின் பதிவுகளில் இருக்கின்றன. கொல்லப் போனவர்களும் தாங்கள் ஊரைக் காப்பதாகவே நம்பியிருப்பார்கள். இப்படிப் பெயரைப் பிறப்போடு சேர்த்து ஒட்டுவதை அரசே செய்ததுதான் 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம். சென்னை மாகாணத்தில் அது 1947இல்தான் நீங்கியது.

சட்டத்துக்குள் ‘குண்டர்’ நுழைந்த வழியையும் பார்த்துவிடலாம். 1923இல் வங்காளத்தில் குண்டர் சட்டம் வந்தது. குண்டர் என்று கருதப்படுபவரைக் கல்கத்தாவை விட்டு வெளியேற்ற அது வழிசெய்தது. 1946இல் மத்திய மாகாணத்திலும் ஒரு குண்டர் சட்டம் பிறந்தது. அந்தச் சட்டத்தின்படி குண்டர் யார்? முரடர், அடாவடிக்காரர், நாடோடி, பொது அமைதிக்கு ஆபத்தானவர். அவ்வளவுதான். 1960இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்று தள்ளியது. யாரைக் குண்டர் என்று முடிவு செய்வது என்பதற்கு அந்த விளக்கம் எந்த அளவுகோலையும் தரவில்லை என்பது முதன்மையான காரணம். ஒரு சொல்லுக்குச் சரியான பொருள் இல்லாததால் ஒரு சட்டம் விழுந்தது. அகராதி புரட்டிக் காலம் கழித்த எனக்கு, இதைவிடப் பெரிய பாடத்தை எந்த வகுப்பறையிலும் நடத்தியதாக நினைவில்லை.

தமிழ்நாட்டில் இப்போதுள்ளது 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம். கள்ளச் சாராயம் காய்ச்சுவோர், போதைப்பொருள் குற்றவாளிகள், குடிசைப் பகுதி நிலங்களை அபகரிப்போர் ஆகியோரோடு சேர்த்துக் குண்டர்களையும் அது பட்டியலிட்டது. பின்னாளில் வனக் குற்றவாளிகள், மணல் குற்றவாளிகள், இணையவழிக் குற்றவாளிகள் என்று பட்டியல் நீண்டது. இங்கே குண்டருக்கு விளக்கம் இருக்கிறது. தனியாகவோ, ஒரு கும்பலின் உறுப்பினராகவோ, தலைவராகவோ இருந்துகொண்டு, உடலுக்கும் உடைமைக்கும் எதிரான குற்றங்களையோ மிரட்டலையோ வழக்கமாகச் செய்பவர், செய்ய முயல்பவர், அவற்றுக்கு உடந்தையாக இருப்பவர். கடைசிச் சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உடந்தையாக இருப்பவர்.

தேநீர்க் கடையில் கேட்ட ‘ஆயுள் முழுக்க’ இந்தச் சட்டத்தில் இல்லை. இது தண்டனையே அல்ல, இனிமேல் குற்றம் செய்யாமலிருக்க முன்கூட்டியே அடைத்துவைக்கும் தடுப்புக் காவல். அதிகபட்சம் 12 மாதங்கள். மாநில அரசு 12 நாட்களுக்குள் ஒப்புதல் தர வேண்டும், காவல் ஆணை சரிதானா என்று பார்க்கும் அறிவுரைக் குழுமத்தின் முன் வைக்க வேண்டும். ஆவணங்களைக் கொடுப்பதில் தாமதம், பிடிபட்டவருக்குத் தெரிந்த மொழியில் மொழிபெயர்ப்பு தரவில்லை என்பன போன்ற காரணங்களால் ஆணை நீதிமன்றத்தில் ரத்தாவதும் வழக்கம். கொலை வழக்கு தனியாக நடந்து, சாட்சிகள் பேசி, குற்றம் நிரூபணமானால்தான் தண்டனை. ‘குண்டாஸ் போட்டாகிவிட்டது’ என்று நாம் ஆறுதல் அடையும் நாளில் உண்மையான வேலை தொடங்கியிருப்பதுகூட இல்லை.

கூடலூர் மூன்று மாநிலங்கள் கூடும் ஊர். நாடுகாணி தாண்டினால் கேரளம், கக்கநல்லா தாண்டினால் கர்நாடகம். கேரளத்தின் 2007ஆம் ஆண்டுச் சட்டம் குண்டாவையும் ரவுடியையும் தனித்தனியாக வகுத்து வைத்திருக்கிறது. கர்நாடகக் காவல் நிலையங்களில் ‘ரவுடி ஷீட்’ என்றே பதிவேடு உண்டு. நம் பத்திரிகைகள் ‘சரித்திரப் பதிவேடு உள்ள ரவுடி’ என்று எழுதும். சோதனைச் சாவடியைக் கடந்தால் ஒரே ஆளுக்குப் பெயர் மாறுகிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? சொற்களுக்குப் பஞ்சமில்லை. ‘போக்கிரி’ தெலுங்கு வழியாக வந்தது. ‘கேடி’ கேட்டிலிருந்து பிறந்ததுபோலத் தோன்றும், ஆனால் காவல்துறை ஆங்கிலத்தில் தெரிந்த கொள்ளையனைக் குறித்த இரண்டு எழுத்துச் சுருக்கம் அது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். ‘சண்டியர்’ தெற்கத்திச் சொல், சண்டி மாட்டின் பிடிவாதம் அதில் இருக்கிறது. ‘காலி’ பழைய பத்திரிகைத் தமிழ். ‘முரடன்’ குணத்தைச் சொல்லும், குற்றத்தைச் சொல்லாது. இவை எல்லாமே ஓர் ஆளைத் தனியாக நிறுத்தி, அவன் பிறவியே இப்படித்தான் என்று முடித்துவிடுகின்றன.

ஒரே ஒரு சொல் அப்படி முடிக்க விடுவதில்லை. அது ‘அடியாள்’.

அடியாள் என்றதும் ‘யாருடைய அடியாள்?’ என்ற கேள்வி தானாக எழுகிறது. அடியார் என்ற சொல்லைப் போலவே இதற்கும் ஓர் ஆண்டை வேண்டும். ரவுடி தனியாக இருக்கலாம், அடியாள் தனியாக இருக்க முடியாது. ‘கூலிப்படை’யும் அப்படித்தான். கூலி என்றால் கொடுத்தவர் ஒருவர் இருந்தாக வேண்டும். (என் அம்மா பச்சைத் தழை கிள்ளி வாங்கியதும் கூலிதான். அந்த நல்ல சொல் கொலைக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்க்க எனக்கு இன்றும் வலிக்கிறது.) 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 111ஆம் பிரிவு, திட்டமிட்ட கும்பல் குற்றங்களில் ஒன்றாகக் கூலிக்குக் கொலை செய்வதையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. செயலைக் குறிப்பிட்டால் செய்தவனோடு செய்யச் சொன்னவனும் வலையில் விழுவான். ஆளுக்குப் பட்டம் சூட்டினால் பட்டம் சூடியவன் மட்டுமே விழுவான். ஆகவே அடிக்க ஆள் வைத்திருக்கும் இடத்திலெல்லாம் அடியாள் என்றே எழுதுவோம். வழக்கமாகக் குற்றம் புரிபவரைத் தொடர் குற்றவாளி என்போம்.

இதை நான் அகராதியில் கற்கவில்லை. நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில் தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் குடியிருப்பிலிருந்து, வந்து ஒரு பையன் படித்தான். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். வீட்டில் தினமும் அடி, அதனால் வகுப்பில் தினமும் சண்டை. ஆசிரியர் அறையில் அவனுக்கு ‘ரவுடி’ என்றே பெயர். நானும் அப்படித்தான் அழைத்தேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டான். சில ஆண்டுகள் கழித்து, கந்துவட்டிக்குப் பணம் விடும் ஒருவர் அவனைக் கூட அழைத்துப் போகத் தொடங்கினார். “பேச வேண்டாம், வாசலில் நின்றால் போதும்” என்பதுதான் வேலை. பிறகு ஒருநாள் நின்றால் மட்டும் போதவில்லை. அவன் கைதான செய்தி வந்தபோது, அதுவரை இல்லாத ஒரு பட்டப்பெயரோடு ‘பிரபல ரவுடி’ என்று அச்சாகியிருந்தது. வட்டிக்காரரின் பெயர் எந்த வரியிலும் இல்லை. நாங்கள் பதினான்கு வயதில் கொடுத்த பெயரைப் பத்திரிகை உறுதி செய்திருந்தது.

அவன் செய்தது குற்றம். அடிபட்டவருக்கு இன்றும் கை சரியாக மடங்காது. அதற்கு அவன் தண்டனை பெற்றது நியாயம். ஆனால் ‘சுட்டுத் தள்ள வேண்டும்’ என்று கடையில் ஒருவர் சொன்னபோது எனக்கு அவன் முகம்தான் வந்தது. ‘என்கவுன்டர்’ எனப்படும் காவல் மோதலில் ஒருவர் இறந்தால் என்னென்ன விசாரணை நடக்க வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகளை வகுத்தது, இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அடியாள் இறந்துபோனால் யாருடைய அடியாள் என்று சொல்ல இருந்த வாயும் மூடிவிடுகிறது. ஏவியவருக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

இன்னொரு சொல்லையும் சேர்த்தே விளக்க வேண்டும். ‘சாட்சி’. வடமொழிச் சொல்தான், நன்றாகத் தமிழாகிவிட்டது. பழந்தமிழில் இதற்குக் ‘கரி’ என்று பெயர். அறிந்த ஒன்றைப் பற்றிக் கரி பொய்ப்பது சான்றோரிடம் இல்லை என்பது சங்ககாலத்து எண்ணம். கும்பல் வன்முறை வழக்குகள் பெரும்பாலும் உடைவது இந்த இடத்தில்தான். நூறு பேர் பார்த்த குற்றத்துக்குக் கூண்டில் ஏற ஒருவர் இல்லை. 2018 டிசம்பரில் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் ஏற்று, நாடு முழுவதும் அதைச் சட்டமாகவே நடைமுறைப்படுத்தச் சொன்னது. மிரட்டல் இருந்தால் சாட்சி பாதுகாப்புக் கேட்டு விண்ணப்பிக்கலாம். இது தெரிந்தவர் அன்று அந்தத் தேநீர்க் கடையில் ஒருவர்கூட இல்லை.

என் மாணவன் வழக்கில் சாட்சி சொன்னவர் காய்கறிக் கடைக்காரர் ஒருவர். அவருடைய கடை வாசலில்தான் அது நடந்தது. “நமக்கு எதற்கப்பா” என்று மகன் தடுத்தான். கூடலூரிலிருந்து ஊட்டி நீதிமன்றத்துக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மலைப்பாதை. முதல் முறை போனார், வாய்தா. இரண்டாம் முறையும் வாய்தா. இரண்டு நாள் வியாபாரம் போயிற்று. இரவில் யாரோ கடைப் பலகையில் கல் எறிந்தார்கள். மூன்றாம் முறை அவர் தனியாகப் போகவில்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் நான்கு பேர் ஷட்டரை இழுத்துவிட்டு, அதிகாலைப் பஸ்ஸில் அவரோடு ஏறினார்கள். நானும் போனேன். கூண்டில் ஏறி, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். அடித்தவனை அடையாளம் காட்டினார். பிறகு, யாரும் கேட்பதற்கு முன்பே, எதிரே நின்ற காருக்குள் இருந்து “போதும், வா” என்று அவனை அழைத்தவரின் பெயரையும் சொன்னார்.