கிளிப்லெஸ் பெடல்: தமிழில் கவ்வு மிதி

கிளிப்லெஸ் பெடல் என்ற பெயரை முதல் முறை கேட்பவருக்கு, இதில் கிளிப் எதுவும் கிடையாது, காலை நினைத்தபோது எடுத்து ஊன்றிக்கொள்ளலாம் என்றுதான் தோன்றும். உண்மையில் கால் பெடலோடு மாட்டிக்கொள்கிற வகை இது. ஷூவின் அடியில் சிறிய கட்டை ஒன்று திருகப்பட்டிருக்கும். பெடலில் ஸ்பிரிங் வைத்த தாடை இருக்கும். அமுக்கி மிதித்ததும் 'டக்' என்ற சத்தத்தோடு தாடை அந்தக் கட்டையைப் பிடித்துக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விட்டுவிடும். இப்படி மாட்டுவதை ஆங்கிலத்தில் 'கிளிப் இன்' என்கிறார்கள், கழற்றுவதை 'கிளிப் அவுட்' என்கிறார்கள். கிளிப் இல்லாதது என்று பெயர் வாங்கிய பெடலில் செய்வது முழுக்க கிளிப் வேலைதான்.

விடிகாலையில் புதுச்சேரியிலிருந்து கடலூர்ச் சாலையிலோ கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ பந்தய சைக்கிளில் போகிறவர்கள் பலர் இந்தப் பெடலைத்தான் மிதிக்கிறார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பெயரே முதல் குழப்பம். கடையில் போய் "அண்ணே, கிளிப் இல்லாத பெடல் வேணும்" என்று கேட்டால், கடைக்காரர் சாதாரண தட்டைப் பெடலை எடுத்துக் கொடுப்பார். கேட்டதைத்தான் கொடுக்கிறார், அவர்மேல் தப்பில்லை. பெயரின்மேல்தான் தப்பு. இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, தமிழில் இதை எப்படிச் சொல்லலாம் என்று பார்ப்போம்.

பெடல் என்ற சொல்லின் வேர் லத்தீன். பாதத்துக்கு அந்த மொழியில் பேஸ், வேற்றுமை உருபு ஏறும்போது பெத் என்றாகும். சைக்கிள் பிறப்பதற்கு முன்பே ஆங்கிலத்தில் இச்சொல் இருந்தது. தேவாலயத்து ஆர்கனில் காலால் அழுத்தும் கட்டைக்குத்தான் முதலில் பெடல் என்று பெயர்.

கிளிப் இன்னும் சுவையானது. ஆங்கிலத்தில் ஒரே ஒலியில் இரண்டு கிளிப் உண்டு. முடி வெட்டுகிற கிளிப் நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. பற்றிப் பிடிக்கிற கிளிப் பழைய ஆங்கிலத்தின் கிளுப்பன் என்ற வினையிலிருந்து வந்தது. கிளுப்பன் என்றால் தழுவுதல். காகித கிளிப், முடி கிளிப், சட்டைப்பை பேனாவின் கிளிப் எல்லாம் அந்தத் தழுவலின் வழிவந்தவை.

அப்படியானால் 'இல்லை' என்ற லெஸ் எப்படி ஒட்டியது? இதற்கு முன்னால் பந்தய வீரர்கள் பயன்படுத்தியது டோ கிளிப். பெடலின் முன்பக்கம் வளைந்த கம்பிக்கூடு, அதைச் சுற்றித் தோல்வார். காலைக் கூட்டுக்குள் நுழைத்து, குனிந்து கையால் வாரை இழுத்து இறுக்க வேண்டும். இறங்க வேண்டுமானால் மறுபடி குனிந்து வாரைத் தளர்த்த வேண்டும். குதிரைச் சேணத்தின் அங்கவடிக்கு இது தூரத்துச் சொந்தம். பல பத்தாண்டுகள் போட்டிகளில் இந்தக் கூடுதான் இருந்தது. கூடு இல்லாமலே காலைப் பிடிக்கும் பெடல் வந்தபோது, அதன் வேலையைச் சொல்லாமல், இல்லாமல்போன பழைய கூட்டை வைத்துப் பெயர் சூட்டிவிட்டார்கள். டோ கிளிப் இல்லாதது, ஆகவே கிளிப்லெஸ்.

இப்படி 'இல்லை'யை வைத்துப் பெயரிடுவது ஆங்கிலத்தில் வழக்கம்தான். டியூப்லெஸ் டயர், வயர்லெஸ் எல்லாம் அப்படித்தான். ஆனால் டியூப்லெஸ் டயரில் டியூப் இல்லை, வயர்லெஸ்ஸில் வயர் இல்லை. பெயரும் பொருளும் ஒத்துப்போகின்றன. கிளிப்லெஸ் பெடலுக்கு அந்த நியாயம் கிடையாது. டோ கிளிப்பைப் பார்த்தே இராத தலைமுறை வந்துவிட்டது. அவர்கள் காதில் விழுவது 'கிளிப் இல்லை' என்பது மட்டுமே.

கருத்து பழையது. அமெரிக்காவின் ரோட் ஐலண்டைச் சேர்ந்த சார்லஸ் ஹான்சன் 1895-லேயே ஷூவைத் திருப்பி மாட்டவும் கழற்றவும் கூடிய பெடலை உருவாக்கினார். அது பரவவில்லை. 1970களின் தொடக்கத்தில் இத்தாலியின் சினெல்லி நிறுவனம் எம்71 என்ற பெடலை விற்றது. அதில் காலை விடுவிக்க, கையை நீட்டிப் பெடலில் உள்ள நெம்புகோலைத் தள்ள வேண்டும். ஓடும் வண்டியில் அது நடக்கிற காரியமா? வழி காட்டியது பனிச்சறுக்கு. சறுக்குபவரின் காலணியைச் சறுக்குக்கட்டையில் மாட்டும் கருவிகளைச் செய்துவந்த பிரெஞ்சு நிறுவனம் லுக். விழும்போது தானே விட்டுக்கொடுக்கும் பூட்டு அவர்களுக்குக் கைவந்த வேலை. அதையே பெடலுக்குக் கொண்டுவந்து 1984-ல் சந்தைக்கு விட்டார்கள். 1985-ல் பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அந்தப் பெடலோடு தூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றார். அதன்பின் தோல்வாரின் காலம் வேகமாக முடிந்தது. ஜப்பானின் ஷிமானோ 1990-ல் மலைப்பாதை சைக்கிள்களுக்காகக் கொண்டுவந்த வகைதான் எஸ்பிடி. ஷிமானோ பெடலிங் டைனமிக்ஸ் என்பதன் சுருக்கம் அது. நம் பக்கத்தில் பலர் கிளிப்லெஸ் என்று சொல்லாமல் எஸ்பிடி என்றே சொல்வதும், ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர் பொருட்பெயராகிவிட்ட கதைதான்.

மற்ற மொழிக்காரர்கள் என்ன செய்தார்கள்? ஜெர்மன்காரர்கள் மாட்டும்போது வரும் சத்தத்தைப் பிடித்து கிளிக்பெடால் என்றார்கள். இத்தாலியர்கள் விரைவாக விடுபடும் பெடல் என்றார்கள். பிரெஞ்சில் பெதால் ஓத்தோமாத்திக், அதாவது தானியங்கிப் பெடல். பழைய கூட்டுக்கு அங்கே கால்-பியே என்று பெயர். இந்தக் 'கால்' நம் கால் இல்லை. பிரெஞ்சில் கால் என்றால் ஆப்பு, பியேதான் பாதம். இந்த மூன்று மொழிகளிலும் ஒருவர்கூட 'இல்லாதது' என்று சொல்லவில்லை. பழைய நகராட்சிக் கட்டடத்தை மேரி என்றும், பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவரைச் சொல்தா என்றும் சொல்லிப் பழகிய புதுச்சேரிக்கு ஒரு பிரெஞ்சுச் சொல்லைச் சேர்த்துக்கொள்வது பெரிய விஷயமில்லை. ஆனாலும் தானியங்கி மிதி என்று தமிழில் வைத்தால் மோட்டார் வைத்த சைக்கிள் என்று நினைத்துவிடுவார்கள். அது வேண்டாம்.

இனி நம் சொற்களுக்கு வருவோம். பெடலுக்கு மிதி என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. மிதி வினையாகவும் நிற்கும், பெயராகவும் நிற்கும். காலில் போடுவது மிதியடி. தறியில் நெசவாளர் அழுத்துவது மிதிகட்டை. பள்ளியில் அரசு கொடுக்கும் விலையில்லா மிதிவண்டி வழியாக இந்தச் சொல் தமிழ்நாட்டின் வீடுதோறும் போய்ச் சேர்ந்துவிட்டது. பழமையும் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் 'மிதியுலைக் கொல்லன்' வருகிறான். துருத்தியைக் காலால் மிதித்து உலையை ஊதுகிறவன். காலின் அழுத்தத்தால் ஒரு கருவியை இயக்குவதற்கு மிதி என்ற சொல் அன்றைக்கே இருந்திருக்கிறது.

அதே இடத்தில் இன்னொரு சொல்லும் கிடைக்கிறது. அந்தக் கொல்லனின் முறிந்த கொடிறு போல, நண்டின் கால் கவைத்திருக்கிறது என்கிறார் புலவர். கொடிறு என்றால் குறடு. அதே சொல்லுக்குத் தாடை என்ற பொருளும் உண்டு. கயவருடைய தாடையை உடைக்கிறவர்களின் கையைத் திருக்குறள் 'கொடிறுடைக்கும்' கை என்கிறது. நம் பெடலில் இருப்பதும் குறடு போன்ற தாடை. கொடிற்று மிதி என்று வைத்தால் பொருள் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பஞ்சர் ஒட்டும் கடையில் நின்று அதைச் சொன்னால் யாருக்குப் புரியும்? உயிரோடு இருக்கும் சொல் வேண்டும்.

பூட்டு மிதி என்று சிலர் சொல்லக்கூடும். ஏர் பூட்டுவது, வண்டி பூட்டுவது என்று நல்ல வழக்குத்தான். ஆனால் இன்று பூட்டு என்றாலே சாவிதான் நினைவில் வருகிறது. கற்றுக்கொள்ள வருபவருக்கு இருக்கும் ஒரே பயம், கால் மாட்டிக்கொண்டு வராமல் போய்விடுமோ என்பதுதான். அந்தப் பயத்தைப் பெயரிலேயே எழுதி வைக்கக் கூடாது.

எனக்குச் சரியாகப் படுவது கவ்வு மிதி. கவ்வு என்பது தாடையின் வேலை. கவ்வியது விடவும் செய்யும், அதுவும் அந்த வினைக்குள்ளேயே இருக்கிறது. பூனை குட்டியைக் கவ்வித் தூக்குகிறது, வேண்டிய இடத்தில் இறக்கிவிடுகிறது. மாட்டுவது கவ்வு, கழற்றுவது விடு. "கவ்விடுச்சா?" என்று பக்கத்தில் வருபவர் கேட்டால் தானாகப் புரியும், விளக்கம் வேண்டியதில்லை. பழைய டோ கிளிப்புக்குப் பாதக்கூடு என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், ஷூவின் அடியில் இருக்கும் கட்டை. ஆங்கிலத்தில் கிளீட். அதன் மூலப்பொருள் ஆப்பு, பிரெஞ்சிலும் அதே ஆப்புதான். ஆனால் ஆப்பு என்ற சொல் பேச்சுத் தமிழில் வேறு வழியில் போய்விட்டது. அதனால் நான் லாடம் என்கிறேன். லகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் இது வந்த சொல் என்று தெரிகிறது. இருந்தாலும் என்ன? மாட்டுக் குளம்புக்கு லாடம், தேயாமல் இருக்கச் செருப்புக்கு அடிப்பதும் லாடம். காலணியின் அடியில் பொருத்தும் கடினமான துண்டு என்ற பொருள் ஏற்கெனவே இருக்கிறது. தனித்தமிழ்ச் சொல் வேண்டும் என்பதற்காக ஊரே அறிந்த சொல்லைத் தூக்கிப் போடுவது எனக்கு உடன்பாடில்லை.

இந்தச் சொற்களை வைத்துக்கொண்டு கற்றுக்கொடுத்துப் பார்த்தால் வேலை எளிதாகிறது. சிறு வயதில் குரங்கு பெடல் போட்டுப் பழகிய காலுக்கு ஒரு வழக்கம் பதிந்திருக்கும். வண்டி நின்றால் காலை மேலே தூக்கி ஊன்றுவது. கவ்வு மிதியில் மேலே எவ்வளவு இழுத்தாலும் பயனில்லை, திருப்பினால்தான் விடும். புதியவர்கள் விழுவது பெரும்பாலும் வேகத்தில் இல்லை, நிற்கிற நேரத்தில். வண்டி நின்றுவிடும், கால் மேலே இழுக்கும், உடம்பு மெல்லச் சாய்ந்துவிடும்.

ஆகவே முதல் பாடம் சுவரோரம். சுவரைப் பிடித்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்து, ஒரு காலை மட்டும் கவ்வ வைத்து, விட்டு, மறுபடி கவ்வ வைத்துப் பழக வேண்டும். அப்புறம் அடுத்த கால். எஸ்பிடி மிதியில் தாடையின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு உண்டு, 3 மில்லிமீட்டர் ஆலன் கீ போதும். தொடக்கத்தில் அதை நன்றாகத் தளர்த்தி வைப்பது நல்லது. இரண்டாம் பாடத்துக்கு மஞ்சக்குப்பம் மைதானம் மாதிரி திறந்த வெளி வேண்டும். மெதுவாக ஓட்டி, நிற்பதற்கு வெகு முன்னாலேயே ஒரு காலை விட வைத்து, அந்தப் பக்கமே சாய்ந்து ஊன்ற வேண்டும். நம் சாலையில் ஓரம் இடப்பக்கம் இருப்பதால் இடது காலைப் பழக்குவது வசதி. இந்த இரண்டும் உடம்பில் ஊறிய பிறகுதான் சாலை. அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என்று ஊர் வரும் இடமெல்லாம் வேகத்தடை வரும், ஷேர் ஆட்டோ சட்டென்று ஓரம் கட்டும். ஊர் நெருங்கும்போதே ஒரு காலை விடுவித்துக்கொள்ளுங்கள்.

மாட்டியபின்னும் பாதம் இடவலமாகக் கொஞ்சம் அசைய இடம் இருக்கும். ஆங்கிலத்தில் ஃப்ளோட். நெகிழ்வு என்று சொல்லலாம். மெக்கானிக் இதை 'ஆட்டம்' என்பார், ஆனால் அவர் வாயில் ஆட்டம் என்றால் பழுது. இது பழுதல்ல, முழங்காலுக்குக் கொடுக்கும் சலுகை. ஷிமானோவின் சாலை வகையில் மஞ்சள் லாடத்துக்கு 6 பாகை நெகிழ்வு, நீலத்துக்கு 2, சிவப்புக்குச் சுழியம். புதியவர்கள் மஞ்சளோடு நிற்பது நல்லது. ஷூவில் இரண்டு திருகால் பொருத்தும் எஸ்பிடி லாடத்திலும் தேர்வு உண்டு. எஸ்எச்51 பக்கவாட்டில் திருப்பினால் மட்டுமே விடும். எஸ்எச்56 பல திசைகளில் இழுத்தாலும் விட்டுவிடும். பயம் விலகாதவர்களுக்கு நான் சொல்வது இரண்டாவது.

லாடத்தை ஷூவில் வைக்கும் இடமும் முக்கியம். பெருவிரலுக்குக் கீழே உள்ள மேட்டுப்பகுதி மிதியின் அச்சுக்கு நேரே வர வேண்டும், அல்லது அச்சு அதற்குச் சற்றே பின்னால் இருக்கலாம். மிதியை நீங்களே கழற்றுவதாக இருந்தால் இடப்பக்க மரை எதிர்ச்சுற்று என்பதை மறக்க வேண்டாம். வழக்கமான பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும்.

சாலை வகையின் மூன்று திருகு லாடம் ஷூவுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், அதோடு நடப்பது சிரமம். இரண்டு திருகு லாடம் அடிப்பகுதியின் குழிக்குள் அடங்கிவிடும். ஆரோவில் பக்கம் செம்மண் தடத்தில் ஓட்டுபவர்களும், வழியில் டீக்கடையில் இறங்கி நிற்பவர்களும் இரண்டு திருகு வகையை எடுத்தால் போதும். கடலூர் வெள்ளிக் கடற்கரைவரை போய்விட்டு மணலில் நடந்தவர்கள், திரும்பும்போது லாடத்தையும் மிதியின் தாடையையும் பழைய பல்துலக்கியால் ஒரு தேய் தேய்த்துவிட்டு ஏறுங்கள். மணல் சிக்கிய தாடை சரியாகக் கவ்வாது, கவ்வினாலும் சொன்ன நேரத்தில் விடாது.