மாங்காய் ஓட்டம் முடிந்து வீட்டு ஷெட்டில் நிற்கப்போகும் டிராக்டர், டிரெய்லர், ஸ்பிரேயர்

காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி, பர்கூர் பக்கத்துக் கூழ் கம்பெனிகளுக்கு மாங்காய் ஏற்றிப்போன டிரெய்லர்கள் ஆடி கழிவதற்குள் ஒவ்வொன்றாக வீடு திரும்பிவிடும். அதற்குப் பிறகு ராகி அறுப்பு வரை, சில வீடுகளில் மாசியில் புளி உலுக்கும் வரை, அவற்றுக்குப் பெரிய வேலை இல்லை. தோப்பு மட்டும் வைத்திருப்பவர்களின் டிராக்டரும் பெரும்பாலும் கூடவே நின்றுவிடும். நடுவில் புரட்டாசி, ஐப்பசி மழை இருக்கிறது.

மா பூவெடுக்கும் காலத்தில் தத்துப்பூச்சிக்கு மருந்தடிக்க வண்டியை எடுக்கும்போது வரும் புகார்கள் வழக்கமானவை. கிளட்ச் விடவில்லை, பேட்டரி செத்துவிட்டது, ஸ்பிரேயர் இன்ஜின் கயிறு இழுத்து இழுத்துக் கை வலிக்கிறது. மூன்றுமே ஓட்டத்தில் வந்த கோளாறு இல்லை, நிறுத்தின விதத்தில் வந்தவை. நிறுத்துகிற அன்று அரை நாள் ஒதுக்கினால் மூன்றையும் தவிர்த்துவிடலாம்.

முதலில் இடம். 45 குதிரைத்திறன் டிராக்டர் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் நீளம் இருக்கும். 12 அடி பாடி உள்ள இரண்டு சக்கர டிரெய்லர், இழுக்கும் தண்டான டிராபாரையும் சேர்த்தால் கிட்டத்தட்ட ஐந்து மீட்டர். மாட்டினபடியே நிறுத்த 28 அடியாவது வேண்டும். வீட்டை ஒட்டிய ஷெட் பெரும்பாலும் 20 அடிக்கு 12 அடி. இரண்டையும் பக்கவாட்டில் திணித்தால் சுவருக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஆள் நுழைய வழி இருக்காது. வண்டியைச் சுற்றி இரண்டடி நடைவழி இல்லாத ஷெட், ஷெட்டே அல்ல. இரண்டில் ஒன்றுதான் உள்ளே என்றால் டிராக்டர் போகட்டும். டிரெய்லருக்குத் தேவை கூரை அல்ல, தண்ணீர் தேங்காத நிலைதான். அதைத் தாழ்வாரத்தில் சாய்வாக நிறுத்தினால் போதும். உள்ளே விடும் முன் நிமிர்ந்த சைலன்சரின் உயரத்தையும் தகரக்கூரையின் முன்விளிம்பு உயரத்தையும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

இனி ஆள் உயிர் சம்பந்தப்பட்ட இரண்டு விஷயங்கள். இயந்திரம் கெட்டால் காசு போகும், அவ்வளவுதான். இவை அப்படி இல்லை.

ஒன்று, பெட்ரோல். டிராக்டரில் டீசல்தானே என்று அலட்சியமாக இருப்பார்கள். ஆனால் அதே ஷெட்டில் பவர் ஸ்பிரேயர், களை எடுக்கும் மெஷின், புல்வெட்டி என்று இரண்டு மூன்று பெட்ரோல் இன்ஜின்களும், மூடி சரியாக இறுகாத பிளாஸ்டிக் கேனும் இருக்கும். டீசல் சாதாரண வெப்பத்தில் அவ்வளவாக ஆவியாகாது. பெட்ரோல் மார்கழிக் குளிரிலும் ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாமல் தரையோடு படர்ந்து, கதவிடுக்கு வழியாக வீட்டுக்குள் வரும். அங்கே கேஸ் அடுப்போ, சாமி விளக்கோ, ஃபிரிட்ஜின் ரிலேயோ, மோட்டார் ஸ்டார்ட்டரோ ஒரு பொறி கொடுத்தால் போதும். ஜன்னல் மேலே திறந்திருக்கிறது என்பதால் இது தீராது. தரை மட்டத்தில் எதிரெதிர்ச் சுவரில் இரண்டு துளைகள் வேண்டும். எலி புகாமலிருக்கக் கால் அங்குலக் கண் உள்ள கம்பிவலை அடித்துவிடுங்கள். ஸ்டார்ட்டர், இன்வெர்ட்டர், சார்ஜர் எதையும் அந்த ஷெட்டில் வைக்காமலிருப்பது இன்னும் நல்லது. விற்பனைக்கு அல்லாமல் சொந்த உபயோகத்துக்கு உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ள 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம் அனுமதிப்பது 30 லிட்டர் பெட்ரோல். அதுவும் உலோகப் பாத்திரம் ஒன்றில் 25 லிட்டருக்கு மேல் கூடாது. சீசன் இல்லாதபோது அதில் ஒரு லிட்டர்கூட வீட்டில் தேவையில்லை. வாசலருகே 4 அல்லது 6 கிலோ உலர்தூள் தீயணைப்பான் ஒன்று மாட்டிவையுங்கள். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும்.

கதவைச் சாத்தின ஷெட்டில் "சும்மா ஐந்து நிமிஷம்" இன்ஜினை ஓடவிடும் பழக்கமும் கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்காமல் போகலாம்.

இரண்டு, தூக்கிய டிப்பர். டிரெய்லரைக் கழுவும்போது பாடியைத் தூக்கித்தான் ஆகவேண்டும். அடியில் ஆங்கிளும் தகடும் சேரும் இடுக்கில் மாங்காய்ச் சாறும் நாரும் அடைந்திருக்கும். அந்தப் புளிப்பு வண்ணத்தை உரித்து இரும்பைத் தின்னும். யூரியா, பொட்டாஷ் மூட்டை ஏற்றியிருந்தால் இன்னும் மோசம். ஆனால் தூக்கிய பாடியை ஹைட்ராலிக் எண்ணெய் மட்டும் தாங்கி நிற்கும்போது கீழே தலை நுழைப்பது தற்கொலைக்குச் சமம். ஹோஸ் வெடித்தாலோ, சீட்டில் ஏறி விளையாடும் பிள்ளை லிவரைத் தட்டினாலோ பாடி இறங்கிவிடும். இன்ஜின் அணைந்திருந்தாலும் இறங்கும், அதற்கு இன்ஜின் வேண்டியதில்லை. வண்டியோடு வந்த இரும்பு முட்டுக் கம்பியைச் சரியான இடத்தில் நிறுத்தி, பாடி அதன்மேல் உட்காரும் வரை மெல்ல இறக்கி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகே கீழே போகவேண்டும். முட்டு தொலைந்துபோயிருந்தால் வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ளுங்கள். யூகலிப்டஸ் கட்டை முட்டு ஆகாது.

கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு பூசி, மேலே ஒரு கோட் பெயின்ட் அடித்தால் டிரெய்லர் தகடு பல வருஷம் நிற்கும். சர்வீஸ் ஸ்டேஷன் அழுத்தத் தண்ணீரைச் சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பின் மேல் நேராகப் பீய்ச்ச விடாதீர்கள். சீலைத் தாண்டி உள்ளே போகும் தண்ணீர் ஐந்து மாதம் அங்கேயே இருந்து பேரிங் உருளைகளில் துருப்புள்ளி வைக்கும். அடுத்த சீசனில் பாரத்தோடு ஓடும்போது அந்தப் புள்ளிதான் பேரிங்கை உடைக்கும். அச்சை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தாலோ, சுற்றும்போது கரகரவென்று சத்தம் வந்தாலோ கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, புது லித்தியம் கிரீஸை உருளைகளுக்கு நடுவே அழுத்தி நிரப்புங்கள். பழைய கிரீஸின் மேலேயே புதியதைப் பூசுவது வீண்வேலை. நட்டை, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுகும் வரை முறுக்கி, பிறகு ஆறில் ஒரு பங்கு முதல் கால் சுற்று வரை தளர்த்தி, நட்டு கழலாமல் பூட்டும் காட்டர் பின் புதிதாகப் போடவேண்டும்.

அச்சின் அடியில் கட்டை கொடுத்து டயர்களில் பாரம் ஏறாமல் நிறுத்துங்கள். சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் ஆப்புக்கட்டை வைக்கவேண்டும். கொக்கிப் பின்னைக் கழற்றும் முன்பே வைக்கவேண்டும், கழற்றின பிறகு அல்ல.

ஸ்பிரேயர் இன்ஜினுக்கு வருவோம். இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் மிஞ்சினால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். கார்புரேட்டருக்கு முதலில் போவது அதுதான். ஜெட் பச்சை பிடிக்கும், ரப்பர் ஊதும். இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் எண்ணெய் மேலே பெட்ரோலோடு போய்விடுவதால் இந்த அடித்தண்ணீரில் மசகே இருக்காது. ஆகவே டேங்கைக் காலி செய்து, வெளியில் வைத்து, தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, கார்புரேட்டர் கிண்ணத்தின் வடிகால் திருகையும் திறந்து வடித்துவிடுங்கள். வடித்த பெட்ரோலை பைக்கில் ஊற்றலாம். ஆனால் எண்ணெய் கலந்ததை நாலு ஸ்ட்ரோக் பைக்கில் ஊற்றக்கூடாது. பிளக்கைக் கழற்றி ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, கயிற்றை மெல்ல இரண்டு தடவை இழுத்து, பிளக்கை மாட்டுங்கள். கயிறு கனக்கும் இடத்தில் நிறுத்தினால் நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் வால்வுகள் மூடியிருக்கும். மருந்து போன பம்பு, ஹோஸ், கன் எல்லாவற்றையும் மூன்று முறை சுத்தத் தண்ணீரில் ஓட்டிக் கழுவி வடித்துவிடவேண்டும். கழுவின தண்ணீர் தோப்புக்குள்ளேயே போகட்டும், கிணற்றோரம் வேண்டாம். மருந்து ஹோஸை நெல் மூட்டை வைக்கும் அறையில் சுருட்டி வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

டீசல் டேங்குக்கு இதற்கு நேர்மாறு: கழுத்து வரை நிரப்புங்கள். காலி இடம் இருந்தால் இரவுக் குளிரில் அதன் சுவரில் தண்ணீர் முத்துமுத்தாக வியர்த்துக் கீழே இறங்கும். அந்தத் தண்ணீரில் பாசிபோல் ஒன்று வளர்ந்து ஃபில்டரை அடைக்கும், பம்பைத் துருவாக்கும். இன்ஜின் ஆயிலை நிறுத்துவதற்கு முன் மாற்றுங்கள். "எடுக்கும்போது மாற்றிக்கலாம்" என்று விட்டால் பழைய ஆயிலில் சேர்ந்த அமிலமும் ஈரமும் அத்தனை மாதமும் பேரிங் மேலேயே உட்கார்ந்திருக்கும்.

ரேடியேட்டருக்கும் பேட்டரிக்கும் நம் போர் தண்ணீர் எமன். கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் இரண்டு மாவட்டத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ரேடியேட்டரை அடைப்பது ஃபுளோரைடு அல்ல, அதே தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு உப்பு. குளிர் அதிகமான தளியிலும் தண்ணீர் உறையப்போவதில்லை, கூலன்ட் எதற்கு என்று கேட்பார்கள். நமக்கு அது துருவைத் தடுக்க. பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, பேட்டரியை வெளியே எடுத்து, மாதம் ஒரு முறை வோல்ட் பாருங்கள். 12.4க்குக் கீழே இறங்கினால் காற்றோட்டமான இடத்தில் சார்ஜ் போடவேண்டும். சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்பது பழைய ரப்பர் பெட்டிக் காலத்துப் பேச்சு, இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்குப் பொருந்தாது.

கிளட்ச் பெடலை மிதித்து, பூட்டும் கொக்கி இருந்தால் அதில் மாட்டுங்கள், இல்லையென்றால் கட்டை கொடுத்து நிறுத்துங்கள். தட்டும் ஃபிளைவீலும் ஈரத்தில் ஒட்டாமல் இருக்க இதைவிட வழி இல்லை. ஹேண்ட் பிரேக் போட்டு மாதக்கணக்கில் விடாதீர்கள், லைனர் பிடித்துக்கொள்ளும். கலப்பை, கல்டிவேட்டர் எதுவும் தொங்கக்கூடாது, தரையில் இறங்கியிருக்கட்டும். சைலன்சர் வாயைத் தகரக் குவளையால் மூடி, மூடியிருப்பதை ஒரு அட்டையில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டுங்கள். டேங்க் மூடியின் காற்றுத்துளையையும் ஸ்பிரே நாசிலையும் மண்குளவி அடைக்கும், ஒரு துணி சுற்றுங்கள். பாலிதீன் தார்ப்பாயால் தரை வரை போர்த்தினால் உள்ளேயே வியர்க்கும். மேலே மட்டும் பருத்தித்துணி போதும். உர மூட்டையை அதே ஷெட்டில் அடுக்கினால் வயரிங் முனைகளின் செம்பு பச்சை பிடிக்கும். கடலை மூட்டை அடுக்கினால் எலி வரும், எலிக்குப் பின்னாலேயே பாம்பும் வரும்.

இடையில் ஸ்டார்ட் செய்யவேண்டும் என்றால் வெளியே எடுத்து, வெப்பமுள் வழக்கமான இடத்துக்கு வந்த பிறகும் இருபது நிமிஷமாவது ஓட்டுங்கள். குறைவாக ஓட்டினால் சைலன்சரிலும் ஆயிலிலும் ஈரம்தான் சேரும், பேட்டரியும் இழந்ததைத் திரும்பப் பெறாது.

மறுபடி எடுக்கும் நாளில் சைலன்சர் குவளை முதலில், பிறகு ஏர் ஃபில்டருக்குள் எலிக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். டீசல் ஃபில்டரின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடித்து, டீசல் குழாயில் புகுந்த காற்றை எடுத்துவிடுங்கள். இன்ஜினை நிறுத்த இழுக்கும் நாப்பை (குமிழை) இழுத்துப் பிடித்தபடி பத்துப் பத்து வினாடியாக இரண்டு மூன்று தடவை செல்ஃப் அடித்து, ஆயில் விளக்கு அணைந்த பிறகு நாப்பை விட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். டிரெய்லரை மாட்டி முதல் ஐந்து கிலோமீட்டர் ஓட்டியதும் இறங்கி ஒவ்வொரு ஹப்பாகக் கையால் தொடுங்கள். கை வைக்கமுடியாத சூடு எதில் இருக்கிறதோ, அந்தச் சக்கரத்தை அன்றே கழற்றவேண்டும்.