மார்னிங்டன் பெனின்சுலா போறீங்களா? வீடு புக் பண்றதுக்கு முன்னாடி எந்தக் கடல்ல இறங்கப் போறோம்னு முடிவு பண்ணுங்க

டிசம்பர் பொறந்துட்டா மெல்பர்ன்ல நம்ம தமிழ் வாட்ஸ்அப் குரூப் எல்லாத்துலயும் இதே பேச்சுதான். மெல்பர்னுக்குத் தெக்க கடலுக்குள்ள நீண்டிருக்கற மார்னிங்டன் பெனின்சுலாவுல ரெண்டு நாள் தங்க வீடு கிடைக்குமா, ஆர்தர்ஸ் சீட் மலையில ஓடற கண்டோலா கேபிள் காருக்கு முன்னாடியே டிக்கெட் எடுக்கணுமா, ஸ்ட்ராபெரி தோட்டம் தொறந்தாச்சா, ஹாட் ஸ்பிரிங்ஸ்ல காலையில போறது நல்லதா சாயங்காலமா. எல்லாம் நியாயமான கேள்விதான். நான் தென்கிழக்கு மெல்பர்ன்ல எமர்ஜென்சி டாக்டரா வேலை பாக்குறேன், சம்மர் முழுக்க பெனின்சுலாவுலேர்ந்து தண்ணி குடிச்சு, பாறையில வழுக்கி, வெந்நீர்க் குளத்துல மயங்கி வர்றவங்களப் பாத்துக்கிட்டே இருக்கேன், அதுல நம்ம குடும்பங்க வரும்போதெல்லாம் எனக்குத் தோணுறது ஒண்ணுதான், இவ்வளவு திட்டம் போட்டவங்க எந்தப் பக்கத்துக் கடல்ல இறங்கப் போறோம்னு மட்டும் யோசிக்காம கிளம்பி வந்துட்டாங்களேன்னு.

இந்த நிலத்தோட அமைப்பு அப்படி. வடக்குப் பக்கம் போர்ட் பிலிப் பே. டிரோமானா, ரோஸ்பட், ரை, சொரென்டோன்னு வரிசையா ஊர், ஆழம் கம்மி, ரோஸ்பட் பக்கம் எல்லாம் ரொம்ப தூரம் நடந்தாலும் இடுப்பளவு தண்ணிதான். இத ஃப்ரண்ட் பீச்னு சொல்வாங்க. தெற்குப் பக்கம் பாஸ் நீரிணை, தென்மாக்கடல்லேர்ந்து கிளம்புற அலை தடையில்லாம வந்து அடிக்கிற இடம், போர்ட்சீ, சொரென்டோ, ரை மூணுக்கும் பேக் பீச் இருக்கு, கன்னமாட்டாவும் இந்தப் பக்கம்தான். கிழக்க வெஸ்டர்ன் போர்ட், அது இன்னொரு விதம். சொரென்டோவுல ஃப்ரண்ட் பீச்சுக்கும் பேக் பீச்சுக்கும் நடுவுல கார்ல அஞ்சு நிமிஷம்கூட ஆகாது. காலையில ஃப்ரண்ட் பீச்ல குழந்தை முழங்கால் தண்ணியில நல்லா விளையாடுச்சுங்கிற தைரியத்துல மத்தியானம் போட்டோ எடுக்க பேக் பீச் போறாங்க பாருங்க, அங்கதான் பிரச்சனை ஆரம்பிக்குது.

கரையிலேர்ந்து கடலுக்குள்ள இழுத்துட்டுப் போற நீரோட்டம், ரிப் கரண்ட், அதப் பத்தி எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீங்க. ஆனா கடலப் பாத்து இதுதான் ரிப்னு கை காட்டச் சொன்னா நம்மள்ல நிறைய பேர் அலை பெருசா அடிக்கிற இடத்தத்தான் காட்டுவாங்க. நெஜத்துல அதுக்கு நேர் எதிர். கரைக்கு வந்து சேர்ற தண்ணி எல்லாம் திரும்பப் போக ஒரு வழி வேணும்ல, அது மணல்திட்டுக்கு நடுவுல ஒரு பள்ளம் பறிச்சுக்கிட்டு அது வழியா உள்ள ஓடும். பள்ளமா இருக்கறதால அங்க அலை உடையாது. அதனால ரெண்டு பக்கமும் வெள்ளை நுரை, நடுவுல மட்டும் கொஞ்சம் கருமையா, அமைதியா, மேல லேசா சுருக்கம் விழுந்த மாதிரி ஒரு பட்டை தெரியும். மணல் கலங்கி, நுரை உள்பக்கமா மிதந்து போய்க்கிட்டிருக்கும். குழந்தையோட வந்த அம்மா அப்பா எங்க இறங்குவாங்க? அலை இல்லாத இடமாப் பாத்து சரியா அங்கதான் இறங்குவாங்க. பாசத்துலதான் அப்படிப் பண்றாங்க, ஆனா அந்த பீச்லயே மோசமான இடம் அதுதான்.

பேக் பீச் போனா நேரா மணல்ல இறங்காதீங்க, மேல பார்க்கிங் பக்கத்துல இருக்கிற லுக்அவுட்ல ஒரு பத்து நிமிஷம் நின்னு கடலப் பாருங்க. உயரத்துலேர்ந்து பாத்தா அந்தப் பட்டை நல்லாத் தெரியும், கீழ இறங்கி நின்னா தெரியவே தெரியாது.

மாட்டிக்கிட்டா என்ன பண்றது. ரிப் உங்கள கீழ இழுக்காது, உள்ள கொண்டு போகும், அவ்வளவுதான். உயிர் போறதுக்குக் காரணம் பயந்து கரைய நோக்கி எதிர்த்து நீந்தி நீந்தி தெம்பு தீர்ந்துபோறது. வேகமான ரிப்ப ஒலிம்பிக் நீச்சல்காரராலயும் எதிர்த்து நீந்த முடியாது. மல்லாக்க மிதங்க, ஒரு கையத் தூக்கிக் காட்டுங்க, கத்துங்க, தெம்பு இருந்தா கரைக்கு இணையா பக்கவாட்டுல அலை உடையிற பக்கமா நகருங்க. இன்னொரு விஷயம் குளிர். மெரினாவுலயோ மாமல்லபுரத்துலயோ தண்ணி 28, 29 டிகிரி இருக்கும், இங்க நல்ல சம்மர்லயே பாஸ் நீரிணை 20-ஐத் தொட்டாப் பெருசு, நவம்பர்ல இன்னும் கம்மி. திடீர்னு உள்ள விழுந்தா மொத நிமிஷம் மூச்சு தானா இழுத்துக்கும், அந்த நேரத்துல வாய் தண்ணிக்குள்ள இருந்துச்சுன்னா நீச்சல் தெரிஞ்சவரும் தண்ணி குடிப்பாரு. "நான் கிணத்துல குதிச்சு வளர்ந்தவன் டாக்டர்"னு சொல்ற அண்ணன்மாருங்க நிறைய பேரு, அவங்களுக்கு நான் சொல்றது இதத்தான், கிணத்துல கரை எங்கயும் போகாதுண்ணே.

ஹரோல்ட் ஹோல்ட் இந்த நாட்டோட பிரதமரா இருந்தவரு. கடல்ல ஊறினவரு, ஈட்டி வச்சு மீன் பிடிக்கிற ஸ்பியர்ஃபிஷிங் பண்றவரு, பெனின்சுலாவோட முனையில இருக்கற பாயின்ட் நெபீன் பக்கத்துல ஷெவியட் பீச் அவருக்குப் பழக்கமான இடம். 1967 டிசம்பர் 17, ஞாயித்துக்கிழமை, அங்க நீந்தப் போனவரு திரும்பவே இல்ல, உடம்பும் கிடைக்கல. அந்த பீச் பேரே 1887-ல அங்க பாறையில மோதி ஒடஞ்ச ஷெவியட்ங்கிற கப்பலோட பேருதான், அதுல 35 பேரு செத்துப் போனாங்க. இப்பவும் அங்க யாரையும் நீந்த விடறதில்ல. பாயின்ட் நெபீன் நேஷனல் பார்க் போனா அவர் நினைவுக்கல் கிட்ட நின்னு கடலப் பாருங்க, வெயில் நாள்ல எவ்வளவு சாதுவா இருக்கும் தெரியுமா.

2024 ஜனவரி 24, வெஸ்டர்ன் போர்ட்டுக்கு அந்தப் பக்கம் பிலிப் ஐலண்ட்ல ஃபாரஸ்ட் கேவ்ஸ் பீச். லைஃப்சேவர் இல்லாத பீச். ஒரே இந்தியக் குடும்பத்துல நாலு பேரு அங்க மூழ்கிச் செத்துப் போயிட்டாங்க. அந்தச் செய்தி வந்தப்ப நம்ம ஆஸ்பத்திரியில வேலை செய்ற இந்தியங்க, இலங்கைக்காரங்க யாராலயும் சரியா பேச முடியல.

ஒருத்தர் மாட்டினா மத்தவங்க காப்பாத்த உள்ள பாயிறது, கடல் சாவுல நான் திரும்பத் திரும்பப் பாக்குறது இதுதான். சொந்தப் புள்ள உள்ள போகும்போது நில்லுங்கன்னு சொன்னா எந்த அப்பா நிப்பாரு, எனக்குப் புரியுது. ஆனா கை வீசிப் போகாதீங்க. மிதக்கற எதையாவது எடுத்துக்கிட்டுப் போங்க, இல்ல தூக்கிப் போடுங்க, பூகி போர்டு, எஸ்கிங்கிற ஐஸ் பெட்டி, ஃபுட்பால், மூடி போட்ட காலி ரெண்டு லிட்டர் பாட்டில்கூட ஆகும். அதுக்கும் முன்னாடி பக்கத்துல நிக்கிறவங்கள எமர்ஜென்சி நம்பர் 000 கூப்பிடச் சொல்லுங்க. இது எதுவும் தேவைப்படாம இருக்கணும்னா சிவப்பு மஞ்சள் கொடி ரெண்டுக்கும் நடுவுல மட்டும் இறங்குங்க. போர்ட்சீ, சொரென்டோ, கன்னமாட்டா பேக் பீச்சுல லைஃப்சேவிங் கிளப் இருக்கு, ஆனா நவம்பர் கடைசிலேர்ந்து ஈஸ்டர் வரைக்கும், பெரும்பாலும் வாரக்கடைசி, பொது விடுமுறை, அப்புறம் ஸ்கூல் லீவு நாள்ல மட்டும்தான் ஆள் இருப்பாங்க, அதுவும் குறிப்பிட்ட நேரம்தான். பீச்சேஃப் ஆப்ல எந்த பீச்ல இன்னிக்கு எத்தனை மணி வரைக்கும்னு பாத்துக்கலாம். கொடி இல்லேன்னா கால்கூட நனைக்க வேணாம், மேல நின்னு போட்டோ எடுத்துட்டு வந்துடுங்க.

ஃப்ரண்ட் பீச் முழுசா பத்திரம்னும் சொல்லிட முடியாது. இங்க சம்மர்ல 38 டிகிரி அடிக்கிற நாள்ல வடக்குக் காத்து வீசும், ரோஸ்பட், ரை எல்லாம் வடக்கப் பாத்த கரை, அதனால அப்ப காத்து கடல்லேர்ந்து கரையப் பாத்துதான் அடிக்கும். சாயங்காலம் கூல் சேஞ்ச் வரும் பாருங்க, அரை மணி நேரத்துல பதினஞ்சு டிகிரி இறங்கும், காத்து தெக்கத்திப் பக்கம் திரும்பிடும், அதாவது கரையிலேர்ந்து பே உள்ளாற தள்ளும். அப்ப காத்தடிச்ச ஃபிளமிங்கோ, டோனட் மேல உக்காந்திருக்கற குழந்தை நீங்க நடந்து போய்ப் பிடிக்கிறதுக்குள்ள ஐம்பது மீட்டர் போயிடும். கூல் சேஞ்ச் எத்தனை மணிக்குன்னு காலையிலயே வானிலையில சொல்லிடுவாங்க, அதுக்கு முன்னாடியே காத்தடிச்ச சாமான் எல்லாத்தையும் மடிச்சு கார்ல போட்டுடுங்க. அப்புறம் பசங்க பக்கெட்ல சிப்பி பொறுக்குவாங்கள்ல, காலிச் சிப்பின்னு நெனச்சு எடுப்பாங்க, உள்ள சின்னதா நீல வளைய ஆக்டோபஸ் ஒளிஞ்சிருக்கலாம், கடிச்சா வலிகூடத் தெரியாது, ஆனா கொஞ்ச நேரத்துல மூச்சுத் தசை வேலை செய்யாம போயிடும். மருந்து கிடையாது, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நாமதான் வாயோட வாய் வச்சு மூச்சு குடுக்கணும். பாறைக் குட்டையில கை விட வேணாம்னு பசங்ககிட்ட கார்லயே சொல்லிடுங்க.

தண்ணி குடிச்ச குழந்தையத் தூக்கிட்டாங்க, அழுதுச்சு, சரியாயிடுச்சு, சாப்பிட வச்சுத் தூங்க வச்சாச்சுன்னு இருந்துடாதீங்க. இருமல் விடாம இருந்தா, மூச்சு வேகமா வாங்கினா, வழக்கத்துக்கு மாறா சோர்ந்து படுத்தா அன்னிக்கே எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டு வாங்க. ரோஸ்பட்லயே ஆஸ்பத்திரி இருக்கு, எமர்ஜென்சியும் இருக்கு. நாங்க சில மணி நேரம் ஆக்சிஜன் அளவு பாத்து அனுப்பிடுவோம். "இதுக்குப்போய் வந்துட்டீங்களா"ன்னு யாரும் கேக்க மாட்டோம்.

இனி ஊர்லேர்ந்து வந்திருக்கற அம்மா அப்பா. இவங்களுக்காகத்தான் நிறைய பேர் இந்த ட்ரிப்பே போடறீங்க, நல்ல விஷயம். ஹாட் ஸ்பிரிங்ஸ்ல குளம் 37-லேர்ந்து 43 டிகிரி வரைக்கும் இருக்கும். பிரஷர் மாத்திரை போட்டவங்க சூட்டுல உக்காந்தா ரத்தக்குழாய் விரியும், பிரஷர் இறங்கும், எந்திரிச்சு ரெண்டு படி ஏறும்போது கண்ண இருட்டி விழுவாங்க. வழுக்குற கல்லுல எழுபது வயசுல விழுந்தா இடுப்பெலும்புதான். கம்மி சூட்டுக் குளமாப் பாத்து பத்து நிமிஷம், வெளிய வந்து தண்ணி குடிச்சு ஒக்காரணும், எந்திரிக்கும்போது ஒருத்தர் கையப் பிடிச்சுக்கணும், தலைய முக்க வேணாம். இதய நோய் இருந்தா, கர்ப்பமா இருந்தா மொதல்ல உங்க டாக்டரக் கேளுங்க.

சுகர் இருக்கறவங்க பாதத்தப் பத்தி ஒண்ணு சொல்லணும். பத்துப் பதினஞ்சு வருஷமா சுகர் இருந்தா பாதத்துல உணர்ச்சி மழுங்கியிருக்கும். மாமா செருப்பக் கழட்டி கையில வச்சுக்கிட்டு மத்தியான மணல்ல ஆனந்தமா நடப்பாரு, உள்ளங்கால் வெந்து கொப்பளம் போட்டது அவருக்கே தெரியாது, ராத்திரி அத்தை சாக்ஸக் கழட்டும்போதுதான் பாப்பாங்க. இதுல புண்ணு வச்சு ஒரு விரல் போன கதை எல்லாம் எங்ககிட்ட இருக்கு. பின்னாடி பட்டை வச்ச சாண்டல் போட்டு விடுங்க, தண்ணிக்குள்ளயும் அதோடயே இறங்கட்டும், ராத்திரி விளக்குப் போட்டு ரெண்டு பாதத்தயும் விரல் இடுக்கு வரைக்கும் பாத்துடுங்க. இன்சுலின கார் டேஷ்போர்டுல வைக்காதீங்க, எஸ்கியில துணி சுத்தி வைங்க, ஐஸ் நேரா படக்கூடாது.

கேப் ஷாங்க்ல 1859-ல கட்டின லைட்ஹவுஸ் இருக்கு, அங்கேர்ந்து மரப்படி இறங்கி பல்பிட் ராக் வரைக்கும் போகலாம், அற்புதமான இடம். ஈரப் பாறைமேல மட்டும் ஏற வேணாம். ரை பக்கம் டிராகன் ஹெட் பாறைக்கும் அதேதான், அங்க கடலுக்கு முதுகு காட்டி நின்னு ரீல்ஸ் எடுக்காதீங்க.

காசு விஷயமும் சொல்லிடறேன். விக்டோரியாவுல ஆம்புலன்ஸுக்கு அரசாங்க மருத்துவக் காப்பீடான மெடிகேர் கட்டாது, ஒரு தடவை வந்தா ஆயிரம் டாலருக்கு மேல பில் வரும். இங்க இருக்கறவங்க ஆம்புலன்ஸ் விக்டோரியா மெம்பர்ஷிப் எடுத்துக்கலாம், விசிட்டர் விசாவுல வந்த அம்மா அப்பாவுக்கு ட்ராவல் இன்சூரன்ஸ்ல ஆம்புலன்ஸ் சேர்ந்திருக்கான்னு பாருங்க. ஆனா இந்தக் கணக்கெல்லாம் வீட்டுல பாக்கறது, நெஞ்சு வலிக்கும்போது பில்லுக்குப் பயந்து கார்ல ஏத்திக்கிட்டு சுத்தாதீங்க, 000 அடிங்க. போன்ல எமர்ஜென்சி பிளஸ் ஆப் இருந்தா நீங்க நிக்கிற இடத்த அதுவே காட்டும். பீச் வழியில பச்சைப் பலகையில மூணு எழுத்தும் நம்பரும் போட்டிருப்பாங்க, அதச் சொன்னாலே ஆம்புலன்ஸ்காரங்களுக்கு இடம் புரிஞ்சுடும். இறங்கும்போதே அத ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

என்கிட்ட கேக்கறவங்களுக்கு நான் போட்டுக் குடுக்கற பிளான் இப்படி இருக்கும். சனிக்கிழமை காலையில கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில், எப்படியும் வழியிலதான் வருது, சாமி கும்பிட்டு சாப்பிட்டு கிளம்பினா மத்தியானத்துக்கு முன்னாடி ரோஸ்பட். வெயில் தணிஞ்சப்புறம் ஃப்ரண்ட் பீச், எல்லாரும் அங்கயே. சாயங்காலம் ஆர்தர்ஸ் சீட். ஞாயித்துக்கிழமை காலையில பாயின்ட் நெபீன், பெரியவங்களுக்கு ஷட்டில் ஓடுதான்னு கேட்டுக்கோங்க, 1914-ல முதல் உலகப்போர்ல பிரிட்டிஷ் பேரரசுப் பக்கம் முதல் குண்டு சுட்டதாச் சொல்ற கோட்டை அங்கதான், பசங்களுக்குப் பிடிக்கும். பேக் பீச் போறதா இருந்தா லைஃப்சேவர் இருக்கற நேரமாப் பாத்து போர்ட்சீயோ சொரென்டோவோ, பெரியவங்க ரெண்டு பேராவது தண்ணிக்குள்ள இறங்காம, போனப் பாக்காம, பசங்க தலைய எண்ணிக்கிட்டு கரையில நிக்கணும், அந்த ரெண்டு பேரு யாருன்னு முன்னாடியே பேரச் சொல்லிப் பிரிச்சுக்கோங்க. நாலு மணிக்கு மேல மெல்பர்ன் திரும்பற பெனின்சுலா லிங்க் ஃப்ரீவேயில வண்டி ஊரும், அதனால ஒண்ணு மூணுக்கே கிளம்புங்க, இல்ல ராத்திரிச் சாப்பாட்ட முடிச்சுட்டுக் கிளம்புங்க, ராத்திரின்னா போனியோ ரோடுல கங்காரு குறுக்க வரும், மெதுவா வாங்க.