பாரடாக்ஸ்: முரண்பாடா, முரண்புதிரா?

பொருளியல் மொழிபெயர்ப்பு ஒன்று பிழை திருத்த என்னிடம் வந்தது. அதில் ஈஸ்டர்லின் என்ற பொருளியலாளரைப் பற்றி ஒரு வரி: "ஈஸ்டர்லினின் முரண்பாட்டை முரண்பாடு என்று எண்ணிவிடக் கூடாது." இரண்டு முறை படித்தேன். அப்புறம்தான் புரிந்தது. ஆங்கில மூலத்தில் முதலில் வருவது பாரடாக்ஸ், அதாவது முரண்போலத் தோன்றுவது; அடுத்து வருவது கான்ட்ரடிக்ஷன், அதாவது உண்மையாகவே முரண்படுவது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டதில் வாக்கியம் தன்னைத்தானே விழுங்கிவிட்டது. மொழிபெயர்த்தவரும் அகராதியில் முதலில் கிடைத்ததை நம்பித்தான் எழுதியிருக்கிறார். இந்தப் பிழையை வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இனியும் பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

சொல்லின் பிறப்பு எளிது. கிரேக்கத்தில் 'பாரா' என்றால் மாறாக, அப்பால். 'டாக்ஸா' என்றால் கருத்து. ஆர்த்தடாக்ஸ் என்பதிலும் இதே டாக்ஸாதான் இருக்கிறது. ஊரார் நம்பிக்கைக்கு மாறாக வந்து நிற்பது பாரடாக்ஸ். தனக்குத்தானே மாறாக நிற்பது என்று மூலப்பொருளில் எங்குமே இல்லை.

முரண்பாடு அப்படியல்ல. 'முரண்' நம் பழைய சொல், வலிமை, பகை, மாறுபாடு எல்லாம் அதன் பொருள்கள். எதிரெதிர்ச் சொற்களை அடுக்கினால் முரண்தொடை. அதோடு 'படு' சேர்ந்து 'பாடு' ஆகும்போது நடந்து முடிந்த ஒன்றைச் சொல்கிறோம். உடன்பட்டால் உடன்பாடு, வேறுபட்டால் வேறுபாடு, முரண்பட்டால் முரண்பாடு. முரண்படுவதுபோலத் தோன்றினால் முரண்பாடு ஆகாது. தோற்றத்துக்கு அந்தச் சொல்லில் இடமே கிடையாது. அதுமட்டுமல்ல, பொருளியல் எழுத்தில் இந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. 'வர்க்க முரண்பாடு' என்று பல தலைமுறையாக எழுதி வருகிறோம். அங்கே அது உண்மையான மோதல். அதே நூலின் அடுத்த அத்தியாயத்தில் 'ஈஸ்டர்லின் முரண்பாடு' வந்தால் வாசகர் எந்தப் பொருளில் எடுத்துக்கொள்வார்?

ரிச்சர்ட் ஈஸ்டர்லின் சொன்னதையே பார்ப்போம். அமெரிக்கப் பொருளியலாளர், 2024 டிசம்பரில் தம் 98ஆம் வயதில் மறைந்தார். 1974இல் வந்த கட்டுரையில் அவர் இரண்டு செய்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று, ஒரு நாட்டுக்குள் ஒரு குறிப்பிட்ட காலத்தில் கேட்டால், வசதியானவர்கள் ஏழைகளைவிட அதிகமாக 'மகிழ்ச்சியாக இருக்கிறேன்' என்கிறார்கள். இன்னொன்று, 1946 முதல் 1970 வரை அமெரிக்காவின் வருமானம் நன்றாக உயர்ந்தும், மக்கள் சொன்ன மகிழ்ச்சி அதற்கேற்ப உயரவில்லை. பிறகு 1995இல் ஜப்பானைக் காட்டினார். 1958 முதல் 1987 வரை அங்கே தலைக்கான உண்மை வருமானம் (விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்தது) ஐந்து மடங்கானது, சராசரி மகிழ்ச்சியோ அசையவில்லை.

இதில் முரண்பாடு எங்கே? முதல் செய்தி ஒரே காலத்தில் மனிதர்களை ஒப்பிடுகிறது. இரண்டாவது ஒரே நாட்டைக் காலத்துக்குக் காலம் ஒப்பிடுகிறது. இரண்டும் ஒன்றாக உண்மையாக இருக்கலாம். எப்படி என்பதற்கும் அவரே விடை சொன்னார்: மனிதர் தம் வருமானத்தைச் சுற்றியிருப்பவர்களோடு சேர்த்தே அளக்கிறார். எல்லோருடைய வருமானமும் ஏறும்போது அளவுகோலும் கூடவே நீண்டுவிடுகிறது. போதும் என்ற எல்லையும் நகர்ந்துவிடுகிறது. இதை 'ஈஸ்டர்லினின் முரண்பாடு' என்று எழுதினால் அந்த மனிதர் முன்னுக்குப் பின் முரணாகப் பேசியதாக அல்லவா தொனிக்கிறது? ஒரு கூட்டத்தில் இதை விளக்கி முடித்ததும் ஓர் அம்மா கேட்டார்: "அவர் எந்த இடத்துல சார் மாத்திப் பேசினாரு?" கேள்வியில் தவறே இல்லை. சொல் அப்படித்தான் கேட்க வைக்கிறது.

சரி, மாற்றாக என்ன இருக்கிறது? கொஞ்சம் படித்தவர்கள் 'முரண்போலி' என்பார்கள். இதற்கு நல்ல பரம்பரை உண்டு. வடமொழி அணியிலக்கணத்தில் இதற்குப் பெயர் விரோதாபாசம். அங்கே 'ஆபாசம்' என்றால் வெறும் தோற்றம். தமிழில் அந்தச் சொல் இன்று எங்கே போய் நிற்கிறது என்று சொல்லத் தேவையில்லை. காரணம்போலத் தோன்றி உண்மையில் காரணமாகாததைத் தருக்க நூலார் ஹேத்வாபாசம் என்றார்கள்; அதை மணிமேகலை 'ஏதுப்போலி' என்று சொன்னது. எவ்வளவு துல்லியம்! அந்த வழியில் பார்த்தால் முரண்போலி மிகச் சரியான ஆக்கம். ஆனால் இன்றைய காதுக்குப் போலி என்றால் போலி மருத்துவர், போலிச் சான்றிதழ். 'ஈஸ்டர்லின் முரண்போலி' என்று தலைப்பிட்டால் ஆய்வே மோசடி என்று படிப்பார்கள். மணிமேகலைக் காலத்துப் பொருளை அடிக்குறிப்பில் விளக்கித்தான் காப்பாற்ற வேண்டும் என்றால் அது வழக்குக்கு உதவாது. தூய்மை எனக்குப் பிடிக்கும், தெளிவு அதைவிடப் பிடிக்கும்.

'முரண்மெய்' என்றும் ஒன்று உண்டு. முரண்போலத் தோன்றும் மெய். கேட்க அழகு. ஆனால் இது வழக்கு முடியும் முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறது. 2008இல் பொருளியலாளர்கள் பெட்சி ஸ்டீவன்சனும் ஜஸ்டின் வுல்ஃபர்ஸும் அதிக நாடுகளின் தரவுகளை எடுத்துக்கொண்டு, வருமானம் உயர்ந்தால் மகிழ்ச்சியும் உயரத்தான் செய்கிறது என்று வாதிட்டார்கள். ஈஸ்டர்லின் நீண்ட காலப் போக்கைப் பாருங்கள் என்று மறுத்தார். மெய்யா இல்லையா என்றே சண்டை நடக்கும்போது பெயரிலேயே 'மெய்' என்று வைப்பது எப்படி?

முரண்புதிர்தான் பொருந்துகிறது. முரண் என்ற தோற்றம் இருக்கிறது, அவிழ்க்க வேண்டும் என்ற அழைப்பும் இருக்கிறது, விடை இன்னதென்று சொல் முடிவு கட்டவில்லை. புதிர் சிறுபிள்ளை விளையாட்டுச் சொல் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். விடுகதைதான் அவர்கள் நினைக்கும் விளையாட்டு. கணிதத்திலும் அறிவியலிலும் புதிர் என்ற சொல் எவ்வளவோ கனமான வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முரண்பாடு என்று எழுதுகிறவர்களே அடுத்த வரியில் "பணம் மகிழ்ச்சி தராது என்று நிரூபித்தவர்" என்றும் எழுதுகிறார்கள். அவர் அப்படிச் சொல்லவே இல்லை, அவருடைய முதல் செய்தியே அதற்கு எதிரானது. ஒரு சொல் தவறாக நுழைந்தால் அதன் பின்னால் ஒரு கருத்தே தவறாக நுழைந்துவிடுகிறது. மொழிபெயர்க்கிறவர்கள் அகராதியைத் திறக்கும் முன் மூலக் கட்டுரை என்ன வாதிடுகிறது என்று ஒருமுறை படித்தால் இதில் பாதி நின்றுவிடும்.

அந்தப் பிரதியில் பதினொரு இடங்களில் திருத்தினேன். உண்மையாகவே முரண்பாடு என்று வரவேண்டிய இரண்டை மட்டும் விட்டுவைத்தேன். மொழிபெயர்த்தவர் தொலைபேசியில் கேட்டார்: "புதிர்னா விடை இருக்கணுமேங்க?" ஈஸ்டர்லின் ஒரு விடை சொல்லியிருக்கிறார், ஐம்பது ஆண்டுகளாக அதைத்தான் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். சம்மதித்தார். அந்த வரி இப்போது இப்படி இருக்கிறது: "ஈஸ்டர்லின் முரண்புதிரை முரண்பாடு என்று எண்ணிவிடக் கூடாது."