சம்பளம் இல்லாவிட்டாலும் டூரிஸ்டாகப் போய் இன்டர்ன்ஷிப் செய்ய முடியாது

தர்மபுரிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பிளேஸ்மென்ட் அலுவலராக இருக்கிறேன். ஏப்ரல் வந்தால் போதும், வெளிநாட்டில் கோடைகால இன்டர்ன்ஷிப் என்று ஒரு கடிதத்தை நீட்டி, எங்கள் மாணவர்தான் என்று கல்லூரி தரும் பொனஃபைடு சான்றிதழ் கேட்டு மாணவர்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். அதில் நல்ல கடிதங்களும் உண்டு. ஆனால் இந்த ஆண்டு வந்த ஒன்றைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

பையன் மூன்றாம் ஆண்டு. காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம். தோப்பைக் குத்தகைக்கு விட்ட முன்பணத்தில் ஒன்றரை லட்சத்தை ஒரு கன்சல்டன்சியிடம் கட்டிவிட்டார்கள். கோலாலம்பூரில் எட்டு வார இன்டர்ன்ஷிப்பாம். "மலேசியாவுக்குத்தான் விசாவே வேண்டாமே சார்" என்கிறார் அப்பா. உண்மைதான், 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமல் போகலாம். அதுவும் 30 நாளுக்கு, சுற்றிப் பார்க்க. எட்டு வாரம் என்றால் 56 நாள். இந்தக் கணக்கைக் கேட்டால், நடுவில் தாய்லாந்துக்கு ஒரு நாள் போய்விட்டு வந்தால் புதிதாக 30 நாள் கிடைக்கும் என்று ஏஜென்ட் சொல்லி வைத்திருக்கிறார். இமிகிரேஷன் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவருக்கே காது குத்தலாம் என்று நினைப்பு!

எனக்கு இதைவிட எரிச்சல் தருவது இன்னொன்று. "சம்பளம் வாங்கலையே சார், கத்துக்கத்தானே போறான், அது எப்படி வேலையாகும்?" படிக்காதவர்கள் மட்டும் இப்படிக் கேட்கவில்லை. எங்கள் கல்லூரிப் பேராசிரியர்களே கேட்டிருக்கிறார்கள்.

சம்பளம் வாங்காததால் மட்டும் நீங்கள் சுற்றுலாப் பயணி ஆகிவிடுவதில்லை. ஒரு நிறுவனத்துக்குள் போய் அதன் வேலையில் கை வைக்கிறீர்களா என்றுதான் பார்ப்பார்கள். பிரிட்டனில் விசிட்டராக வருபவர் செய்யக்கூடாதவை என்று விதியில் எழுதியிருப்பதில் இன்டர்ன்ஷிப் பெயர் சொல்லியே வருகிறது. அமெரிக்காவுக்கு ஜே-1 என்ற பரிமாற்றப் பயிற்சி விசா வேண்டும். அதற்குத் தகுதியைக் காட்டும் டிஎஸ்-2019 படிவம், கூடவே என்ன கற்றுத் தருவோம், யார் மேற்பார்வை என்று எழுதி அழைக்கும் நிறுவனம் கையெழுத்துப் போட்ட டிஎஸ்-7002 என்ற பயிற்சித் திட்டப் படிவம். ஜெர்மனியில் அந்நாட்டு வேலைவாய்ப்பு முகமை ஒப்புக்கொள்ள வேண்டும். பொதுவாக நான்கு செமஸ்டராவது முடித்திருக்க வேண்டும். அந்த மலேசியாவிலேயே பயிற்சி மாணவருக்குத் தனி அனுமதி இருக்கிறது. அதை அழைக்கும் நிறுவனம் அங்கிருந்து முன்கூட்டியே வாங்கித் தர வேண்டும். கல்யாணப் பத்திரிகை வைத்தார்கள் என்பதற்காக நாமே போய் மொய் எழுத உட்கார்ந்துவிட முடியுமா?

விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பினால் டிக்கெட் பணத்தோடு போகிறது என்று நினைக்காதீர்கள். நாளைக்கு எம்எஸ் படிக்க விசா கேட்கும்போது, எந்த நாட்டிலாவது நுழைய மறுக்கப்பட்டதுண்டா என்ற கேள்வி வரும். பொய் சொன்னால் அது இன்னும் பெரிய வம்பு.

உண்மையான வாய்ப்புகள் இருக்கின்றன, ஆனால் அவை மே மாதம் பணம் கட்டி ஜூனில் கிடைப்பவை அல்ல. ஜெனீவாவில் உள்ள செர்ன் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் கோடைகாலத் திட்டத்துக்கு ஜனவரியிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும். கனடாவின் மைட்டாக்ஸ் குளோபலிங்க் 12 வார ஆராய்ச்சி இன்டர்ன்ஷிப் திட்டம். அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பர் வாக்கிலேயே விண்ணப்பிக்க வேண்டும். ஜப்பானின் ஒகினாவாவில் உள்ள ஓஐஎஸ்டி அறிவியல் பல்கலைக்கழகம் விமான டிக்கெட்டும் தங்குமிடமும் தந்து தினப்படியும் தருகிறது. இவர்கள் யாரும் சீட்டுக்குக் காசு கேட்பதில்லை. போட்டி கடுமை, கிடைக்காமலும் போகலாம். அப்போது ஓசூர் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே ஒரு தொழிற்சாலைத் தரையில் நிற்கும் இரண்டு மாதம் ரெஸ்யூமில் ஒன்றும் குறைச்சலாகத் தெரியாது. இதைச் சொன்னால் மாணவர்கள் முகம் சுருங்குகிறது, தெரியும்.

கடிதம் கையில் வந்ததும் அதில் இருக்கும் எண்ணைக் கூப்பிடாதீர்கள். நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் முகவரி தேடி, அங்கே மெயில் எழுதிக் கேளுங்கள். மேற்பார்வையாளர் பெயர், என்ன வேலை, எந்த வகை விசா, இந்த மூன்றும் இல்லாத கடிதத்துக்கு நான் சான்றிதழ் தர மாட்டேன், கெஞ்சினாலும் தர மாட்டேன். ஏஜென்டிடம் ஒரிஜினல் பாஸ்போர்ட்டைக் கொடுத்து வைக்காதீர்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும், வெளியுறவு அமைச்சகத்தின் ஈ-மைக்ரேட் தளத்தில் பெயர் இருக்கும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். "நாங்க கன்சல்டன்சி சார், ரெக்ரூட்மென்ட் இல்ல" என்று நழுவினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

பாங்காக்கில் டிஜிட்டல் மார்க்கெட்டிங், டேட்டா என்ட்ரி என்று யாராவது கூப்பிட்டால் பேச்சே வேண்டாம். அப்படிப் போனவர்களை மியான்மருக்குக் கடத்தி ஆன்லைன் மோசடி வேலையில் அடைத்து வைப்பதாக வெளியுறவு அமைச்சகமே 2022இல் எச்சரித்தது.

ஏற்கனவே கட்டிவிட்டீர்களா? ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். ஆன்லைன் மோசடி என்று தெரிந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். பையன் பேர் கெட்டுவிடும் என்று அப்பாக்கள் ஒதுங்கிப் போகிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். புகாரோடு இணைக்கக் கல்லூரிக் கடிதம் தேவைப்பட்டால் வந்து கேளுங்கள், அன்றைக்கே போட்டுத் தருகிறேன்.