445 நாள் நீண்ட ஆண்டு

கி.மு. 46-இல் ரோமில் நவம்பர் முடிந்த மறுநாள் டிசம்பர் பிறக்கவில்லை. நடுவில் புதிதாக இரண்டு மாதங்களைச் செருகினார்கள், மொத்தம் 67 நாள். அதே ஆண்டு பிப்ரவரியிலேயே 23 நாள் கூட்டியாகிவிட்டது. வழக்கமான 355-உடன் இதையெல்லாம் சேர்த்தால் 445.

அதென்ன 355? மார்ச், மே, குயின்டிலிஸ் (இன்றைய ஜூலை), அக்டோபர் நான்குக்கும் 31 நாள், பிப்ரவரிக்கு 28, மற்ற ஏழு மாதங்களுக்கும் 29. சூரியன் கணக்குக்கு இது பத்து நாளுக்கு மேல் குறைவு. அதனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை போல பிப்ரவரியைப் பாதியில் நிறுத்தி, 27 நாள் கொண்ட ஒரு மாதத்தை நுழைப்பார்கள். ஆன்டியம் என்ற ஊரில் கிடைத்த ஒரு சுவர் நாட்காட்டியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: சுண்ணப்பூச்சின் மேல் கருப்பும் சிவப்புமாக எழுத்துகள், பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு பத்திகள், அப்புறம் ஓரத்தில் பதின்மூன்றாவதாக ஒன்று. எப்போதாவது வரும் அந்த மாதத்துக்கும் நிரந்தரமாக ஓர் இடம்!

முறை சரிதான், ஆனால் எந்த ஆண்டில் நுழைப்பது என்று முடிவு செய்தவர்கள் பூசாரிகள், அந்தப் பூசாரிகளே அரசியல்வாதிகளும்கூட. ஆண்டு நீண்டால் பதவியில் இருப்பவருக்கு லாபம். மாறாக, சிலிசியாவில் (இன்றைய துருக்கியின் தென்பகுதி) வேண்டாவெறுப்பாக ஆளுநராக இருந்த ரோமானிய அரசியல்வாதி சிசரோ, இந்த ஆண்டு மாதம் எதையும் சேர்த்துவிடாதபடி பார்த்துக்கொள் என்று ரோமில் இருந்த நண்பருக்குக் கடிதம் எழுதிக் கெஞ்சினார்.

கி.மு. 63 முதல் தலைமைப் பூசாரி ஜூலியஸ் சீசர்தான். அவரோ கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டுப் போர், பிறகு உள்நாட்டுப் போர் என்று அலைந்தார். சேர்க்க வேண்டிய மாதங்கள் சேர்க்காமலே போய், நாட்காட்டி பருவத்தைவிட மூன்று மாதம் முந்திக்கொண்டது. அறுவடைத் திருவிழா கோடையில் வராமல் போனது. அந்தப் பாக்கியைத்தான் சீசர் 46-இல் ஒரேயடியாகத் தீர்த்தார். அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த வானியலாளர் சோசிகெனஸ் கணக்குச் சொல்ல, 45 ஜனவரி 1 முதல் ஆண்டுக்கு 365 நாள், நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் கூடுதல். இனி யாருடைய விருப்பத்துக்கும் அதில் இடமில்லை. எனக்கு இந்தச் சீர்திருத்தத்தில் பெரிதாகப் படுவது இதுதான்.

சீசர் கொல்லப்பட்ட பின் பூசாரிகள் மறுபடியும் சறுக்கினார்கள். ரோமானியர் எண்ணும்போது தொடங்கும் ஆண்டையும் சேர்த்தே எண்ணுவார்கள், அதனால் "நான்காம் ஆண்டு" என்பது மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாகிவிட்டது. 36 ஆண்டில் 9 லீப் நாளுக்குப் பதில் 12. கூடிப்போன மூன்று நாளையும் கழிக்க, பல ஆண்டுகள் லீப் நாளே இல்லாமல் ஓட்டினார் பேரரசர் அகஸ்டஸ்.