"மகன் ரெயிலில அடிபட்டிட்டான்"

போன வருடம் ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை காலை, எங்கள் கிளினிக்குக்கு ஒரு அம்மா போன் எடுத்து, "மகன் ரெயிலில அடிபட்டிட்டான், இண்டைக்கே பாக்கேலுமோ?" என்று கேட்டிருக்கிறார். வரவேற்பில் இருந்த பிள்ளை பதறிப்போய் என்னிடம் ஓடிவந்தாள். ரெயிலில் அடிபட்டவனை எதற்கு பிசியோவிடம் கொண்டுவருகிறார்கள் என்று அவளுக்குக் குழப்பம். நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 14 வருடமாக இந்த வேலை பார்க்கிறேன், அதனால் எனக்கு உடனே விளங்கிவிட்டது. இது தண்டவாளத்தில் ஓடுகிற ரெயில் இல்லை, பனிச்சறுக்கு மலையில் நட்டு வைத்திருக்கிற இரும்புக் குழாய்.

பிள்ளையை ஸ்கீக்கு அனுப்புகிற, ஆனால் தான் ஒருநாளும் ஸ்கீயில் ஏறாத பெற்றோருக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஸ்கீ மலைகளில் டெரைன் பார்க் என்று ஒரு பகுதி இருக்கும். வாசலில் செம்மஞ்சள் நிறத்தில் நீள்வட்டக் குறி போட்ட பலகை வைத்திருப்பார்கள். உள்ளே பனியைக் குவித்துச் செய்த பாய்ச்சல் மேடுகள், பொக்ஸ்கள், ரெயில்கள். பொக்ஸ் என்பது கிட்டத்தட்ட ஒரு வாங்கு மாதிரி, மேல்பக்கம் வழுவழுப்பான பிளாஸ்டிக். ரெயில் என்பது குழாய்தான், ஒற்றையாகவும் இருக்கும், இரட்டையாகவும் இருக்கும். அதன்மேல் ஸ்கீயோடு ஏறி, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஸ்கீ இரண்டும் குழாய்க்குக் குறுக்காகக் கிடக்க, முடிவு வரைக்கும் வழுக்கிப்போய் இறங்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

ஏன் எங்கள் பிள்ளைகள் எல்லாரும் அங்கேயே போய் நிற்கிறார்கள் என்று கேட்டால், ஒன்ராறியோவின் மலைகள் சின்னவை. இந்தப் பக்கத்தில் பெயர்பெற்ற புளூ மவுண்டனில் உச்சிக்கும் அடிக்கும் இடையே உயர வித்தியாசம் 220 மீற்றர்தான், பிரிட்டிஷ் கொலம்பியாவின் விஸ்லரில் அது ஒன்றரைக் கிலோமீற்றருக்கும் மேல். இங்கே கொஞ்சம் பழகின பிள்ளை ஒன்றிரண்டு நிமிடத்தில் அடிக்கு வந்துவிடும், பிறகு லிஃப்டுக்கு வரிசை, பிறகு அதே சரிவு. அலுத்துப்போகாமல் என்ன செய்யும்? அதே சின்னச் சரிவில் ஐந்தாறு ரெயிலை நட்டுவிட்டால் ஒரு இரவு முழுக்க விளையாடலாம். ரெயிலும் பாய்ச்சல் மேடும் கலந்த ஸ்லோப்ஸ்டைல் ஸ்கீ 2014இல் சோச்சியில் முதல்தடவை ஒலிம்பிக்கில் வந்தபோது பெண்கள் பிரிவில் தங்கம் எடுத்த டாரா ஹவல், இதே ஒன்ராறியோவின் ஹன்ட்ஸ்வில்காரர். ஆக, இது வேலையில்லாத பொடியன்களின் கூத்து என்று ஒதுக்கிவிட முடியாது.

என் 41ஆவது வயதில் நானே இதைப் பழகப் போனேன். வீரத்தில் இல்லை. ஒவ்வொரு குளிர்காலமும் ரெயிலில் விழுந்த பிள்ளைகள் வருகிறார்கள், அவர்களுக்கு நான் பயிற்சி எழுதிக் கொடுக்கிறேன், ஆனால் அந்த அசைவு உடம்பில் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. அது உறுத்தியது. முதல் நாள் பயிற்றுநர் ரெயில் பக்கமே விடவில்லை. பச்சை வட்டம் போட்ட ஆரம்பச் சரிவில், ஸ்கீயைத் தட்டையாக வைத்து நேரே ஓடச் சொன்னார். சின்ன விஷயம் மாதிரித் தெரியும், செய்து பாருங்கள். ஸ்கீயின் ஓரத்தில் இரும்பு விளிம்பு இருக்கிறது, எட்ஜ் என்பார்கள், திரும்புவதும் நிற்பதும் அது பனியைக் கடிப்பதால்தான். வருடக்கணக்காக அதையே நம்பிப் பழகின காலுக்கு, கடிக்காமல் சும்மா இரு என்று சொன்னால் கேட்காது. ரெயிலில் கடிக்க ஒன்றும் கிடையாது. அங்கே கொஞ்சம் எட்ஜ் போட்டாலும் வாழைப்பழத் தோலில் மிதித்த கதைதான்.

அப்புறம், பனியில் தடியால் ஒரு கோடு கீறி, அதை நோக்கி மெதுவாக ஓடிவந்து, சின்னத் துள்ளல், கால்வாசி வட்டம் திரும்பி, இரண்டு காலும் அகலமாக ஒரே நேரத்தில் கோட்டின்மேல் இறங்கி, மறுபடி துள்ளி நேரே திரும்ப வேண்டும். முப்பது நாற்பது தடவை. இதை வீட்டில் நிலத்தில் டேப் ஒட்டியும் பழகலாம், என் நோயாளிகளுக்கு இப்போது இதைத்தான் முதலில் கொடுக்கிறேன். அதன்பிறகு பொக்ஸ், அதுவும் பனியோடு மட்டமாக, துள்ளாமலே ஓடி ஏறக்கூடிய பொக்ஸ். அதில் முதலில் நேராகவே போய்ப் பழகி, பிறகு பக்கவாட்டு. ரெயிலை நான் தொட்டது நாலாவது நாள்.

ஏறினதும் இயல்பாகக் கண் காலுக்குப் போகும். பின்னால் நின்ற பதின்ம வயதுப் பொடியன் ஒருவன், முன்பின் தெரியாதவன், தமிழ் முகம் என்று கண்டுபிடித்து, "அன்ரி, காலப் பாக்காதேங்கோ, முடியிற இடத்தைப் பாருங்கோ" என்று கத்தினான். அந்த ஒரு வரிக்கு நான் பயிற்றுநருக்குக் கட்டின காசில் பாதியை அவனுக்குக் கொடுத்திருக்கலாம். தலை குனிந்தால் தோள் குனிகிறது, இடுப்பு பின்னுக்குப் போகிறது, பாரம் குதிக்காலுக்கு வந்துவிடுகிறது. கண் முடிவில் இருந்தால் இவ்வளவும் தானாகவே சரியாகிறது.

இரண்டாவது எதிரி பயம். பயந்தவர் இரண்டு பிழை விடுவார், இரண்டும் அவருக்குப் பாதுகாப்பாகத் தோன்றும். ஒன்று, வேகத்தைக் குறைப்பது. வேகம் காணாவிட்டால் பாதியில் நின்றுவிடுவீர்கள், இரும்புக்கு நேர் மேலே, இறங்க வழியில்லாமல். மற்றது, பின்னால் சாய்வது. சாய்ந்தால் ஸ்கீ இரண்டும் முன்னால் ஓடிவிடும், விலாவோ இடுப்போ போய்க் குழாயில் விழும். என் இடது இடுப்பில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கண்டல் மூன்று கிழமை இருந்தது, அது இப்படி வந்ததுதான். சரிவராது என்று தெரிந்த அந்தக் கணமே ரெயிலை விட்டுப் பக்கத்துப் பனியில் இறங்கிவிட வேண்டும். பனியில் விழுவது ஒன்றுமில்லை. கடைசிவரை சமநிலையைக் காப்பாற்றப் பார்க்கிறவர்தான் இரும்பில் விழுகிறார்.

என்னிடம் வருகிற பிள்ளைகளில் பெரிய வித்தை காட்டப்போய் அடிபட்டவர் குறைவு. பெரும்பாலும் இந்தப் படிகளில் இரண்டைத் தாண்டினவர்கள், நண்பன் ரெயிலில் போகிறான் என்று பொக்ஸ் பழகாமலே போனவர்கள். இன்னொரு கூட்டம் கடைசி ரவுண்டில் விழுந்தது. பகலில் இளகின பனி பின்னேரம் இறுகிக் கண்ணாடியாகிவிடும், காலும் களைத்திருக்கும், பஸ் வரப் பத்து நிமிடம் இருக்கும், "இன்னொண்டு போவம்" என்பான் ஒருவன்.

உபகரணத்தில் ஹெல்மெட்டுக்கு விவாதமே இல்லை. ஸ்கீக்கென்று செய்தது வேண்டும், உள்ளே ஏஎஸ்டிஎம் எஃப் 2040 அல்லது இஎன் 1077 என்ற தர ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். சைக்கிள் ஹெல்மெட் சரிவராது. ஆனால் ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதை முழுதாகத் தடுக்காது, அதைப் போட்டதால் கன்கஷன் வராது என்று நினைக்க வேண்டாம். இடுப்புக்கும் வால் எலும்புக்கும் பஞ்சு வைத்த உள்காற்சட்டை விற்கிறார்கள், என்னைக் கேட்டால் தொடக்கக்காரருக்கு அடுத்த செலவு அதுதான். சப்பாத்தை ஸ்கீயோடு பிடித்து வைத்திருக்கிற பைண்டிங் எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்று காட்டுகிற டின் எண்ணைப் பிள்ளைகள் திருகாணியால் தாங்களே கூட்டிக்கொள்கிறார்கள், ரெயிலில் ஸ்கீ கழன்றுபோகாதாம். கழல வேண்டிய நேரத்தில் கழலாத ஸ்கீ முழங்காலைத்தான் முறுக்கும். முழங்காலுக்குள் இருக்கிற முன் சிலுவைத் தசைநார் (ஏசிஎல்) அறுந்தால் திரும்பி விளையாட ஒன்பது மாதம், அதற்கு மேலும் போகலாம். கடையில், எடையும் உயரமும் வயதும் சப்பாத்தின் அளவும் பிள்ளையின் திறமையும் சொல்லி வைத்துக்கொண்ட எண்ணை அங்கேயே விடுங்கள்.

இனி, நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம்.

அந்தத் திங்கட்கிழமைப் பிள்ளை வந்தான். 16 வயது. சனி இரவு விழுந்தவன், "முதுகு பிடிச்சிட்டுது" என்றான். அம்மா பக்கத்தில் இருந்தார், வழி முழுக்கப் பேசிக்கொண்டு வந்திருப்பார் போல, அவன் நிமிரவே இல்லை. கை வைத்துப் பார்த்தால் தசைப்பிடிப்பு மாதிரி இல்லை, வலி கடைசி விலாவுக்குக் கீழே, ஒரு பக்கம் மட்டும். ஏதோ படிவத்தைச் சாட்டி அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு, சலம் என்ன நிறத்தில் போகிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான். பிறகு மெதுவாக, "பிளேன்ரீ மாதிரி" என்றான், பால் விடாத தேத்தண்ணி நிறம். எப்போதிருந்து? சனி இரவிலிருந்து. ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை? "சொன்னா இனி விடமாட்டா."

நேரே அவசரப் பிரிவுக்கு அனுப்பினேன். சிறுநீரகத்தில் காயம். இரண்டு இரவு மறித்து வைத்துப் பார்த்தார்கள், வெட்டாமலே ஆறிவிட்டது. நல்ல காலம். ஆனால் ஒன்றரை நாள் அவன் அதை ஒளித்து வைத்துக்கொண்டு ஞாயிறு ரியூஷனுக்கும் போயிருக்கிறான்.

ரெயில் என்பது விலாவுக்கும் வயிற்றுக்கும் நேரே வருகிற இரும்பு. வெளியே தோலில் ஒன்றும் தெரியாமலே உள்ளே சிறுநீரகமோ மண்ணீரலோ அடிபடலாம். சலத்தில் இரத்தம் அல்லது கறுத்த நிறம், கூடிக்கொண்டு போகிற வயிற்று வலி, தலைச்சுற்றோடு முகம் வெளிறுவது, தோளில் அடிபடாமலே இடது தோளில் வலி (மண்ணீரல் கசிந்தால் வலி அங்கே காட்டும்) என்று ஏதாவது இருந்தால் பிசியோவுக்கு போன் எடுக்க வேண்டாம், வைத்தியசாலைக்குப் போங்கள். தலையில் அடிபட்டு, வாந்தி, கூடுகிற தலையிடி, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, நித்திரையால் எழுப்ப முடியாமை என்றாலும் அப்படித்தான், 911. நடிகை நட்டாஷா ரிச்சர்ட்சன் 2009 மார்ச்சில் கியூபெக்கின் மொன்ட் ட்ரெம்ப்ளான்டில் விழுந்தது ஆரம்பச் சரிவில், ஹெல்மெட் இல்லை. எழும்பி நின்று நன்றாகவே பேசியிருக்கிறார், வைத்திய உதவி வேண்டாம் என்றுவிட்டார். பிறகுதான் தலையிடி தொடங்கியது. இரண்டு நாளில் இறந்துபோனார்.

ஒட்டாவாவின் ரோவன் ஸ்ட்ரிங்கர் விளையாடினது றக்பி. 2013இல், 17 வயதில், முதல் அடி ஆறுவதற்கு முன்பே மறுபடி தலையில் அடிபட்டு இறந்தாள். தலையிடியைப் பற்றி நண்பர்களுக்குச் செய்தி அனுப்பியிருந்தாள், இணையத்தில் கன்கஷன் பற்றித் தேடியும் இருந்தாள். வீட்டுக்குத் தெரியாது. அவள் பெயரில்தான் 2018இல் ஒன்ராறியோவில் ரோவன் சட்டம் வந்தது. கன்கஷன் என்று சந்தேகம் வந்தாலே பிள்ளையை ஆட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும், மருத்துவர் சரி சொல்லும்வரை திரும்ப விடக்கூடாது. கழகங்களுக்கும் பாடசாலைகளுக்கும் சட்டம் இருக்கிறது, சரி. சனி இரவு நண்பர்களோடு பார்க்குக்குப் போகிற பிள்ளையை ஆட்டத்திலிருந்து எடுக்க யார் இருக்கிறார்கள்? அவனேதான் வந்து சொல்ல வேண்டும்.

அதனால் விழுந்ததைச் சொன்ன பிள்ளைக்கு அன்றைக்குத் தண்டனை கொடுக்காதீர்கள். "நான் அப்பவே சொன்னனான்" என்பதை ஒரு கிழமை தள்ளிப் போடலாம், அது பழுதாகாது. பாஸைப் பறிப்பதும் பறிக்காததும் உங்கள் விருப்பம், ஆனால் வாய் திறந்ததற்காகப் பறித்தால் அடுத்தமுறை எனக்கும் சொல்லமாட்டான்.

அந்த அம்மாவிடம் இதைச் சொன்னபோது முகம் சுருங்கியது. "அப்ப போகச் சொல்லுறியளோ?" என்றார். மருத்துவர் விடும்வரை இல்லை, விட்ட பிறகும் திரும்பப் பொக்ஸிலிருந்துதான், அதுவும் பகலில் என்றேன். வீட்டு நிலத்தில் டேப் ஒட்டித் துள்ளச் சொன்னேன், அதைச் செய்ததாகத்தான் சொன்னான். இந்த வருடம் பெப்ரவரியில் மறுபடி வந்தான், இந்தமுறை மணிக்கட்டு. எந்த ரெயில் என்று கேட்டேன். ரெயில் இல்லையாம், அம்மாவின் காருக்குப் பக்கத்தில் ஐஸில் வழுக்கினதாம்.